குமரி மேற்கில் ஸ்டீரியோ செட் வாங்கப் போகிறவர்களுக்கு

செட்டு வாங்கக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது வாட்ஸ் கணக்குதான். "இது 5000 வாட்ஸ் பிஎம்பிஓ அண்ணே" என்பார்கள். பிஎம்பிஓ என்று கண்டால் அந்த எண்ணை அப்படியே மறந்துவிடலாம். அதற்கு ஒழுங்கான அளவுகோல் எதுவும் கிடையாது, கம்பெனி இஷ்டம். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி) எத்தனை வாட்ஸ், எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை), எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவு) என்று மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. பத்து சதவீத டிஸ்டார்ஷனில் 50 வாட்ஸ் என்று போட்டிருந்தால், கேட்கிற மாதிரி ஒலிக்கும்போது அது 40-க்குப் பக்கம்தான்.

அடாப்டரில் ஓடும் சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) என்றால் இன்னும் சுலபம். அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட் 2 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 24 வாட்ஸ். அதிலிருந்து 200 வாட்ஸ் எங்கே வரும்? டிபிஏ3116, டிபிஏ3255 மாதிரி கிளாஸ் டி (கரண்டைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வகை) சிப் போட்ட ஆம்புகள் நல்லவைதான். ஆனால் 8 ஓம் ஸ்பீக்கரில் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் சேனலுக்கு 19 வாட்ஸ் அளவும், 24 வோல்ட் சப்ளை 30 வாட்ஸ் அளவும்தான் கொடுக்கும். டிபிஏ3255-ல் 32 வோல்ட் போட்டால் 55 தாண்டும்; டிபிஏ3116 அந்த வோல்ட்டைத் தாங்காது. சிப் தாங்கும் அளவுக்குள், சப்ளையின் வோல்ட்தான் விஷயம்.

ஆனால் 30 வாட்ஸ் வீட்டுக்கு ஏராளம். 12-க்கு 14 அடி ஹாலில் எட்டடி தள்ளி உட்கார்ந்தால், 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்ஸில் ஒரு மீட்டர் தள்ளிக் கேட்கும் சத்தம்) உள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர் தலா ஒரு வாட்ஸிலேயே 80 டெசிபல் தாண்டிக் கேட்கும். அதுவே நல்ல சத்தம். மீதியெல்லாம் தவில் அடி, கைத்தட்டல் மாதிரி திடீரென எழும் உச்சங்களுக்குத்தான். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். அதனால் பெட்டியின் பின்பக்கம் 84 என்று போட்டிருக்கிறதா, 88 என்று போட்டிருக்கிறதா என்பதை ஆம்ப் வாட்ஸுக்கு முன்னால் பாருங்கள்.

இருபத்தைந்தாயிரம் கையில் இருந்தால் 15,000 ஸ்பீக்கருக்கு, 6,000 ஆம்புக்கு, மீதி ஸ்டாண்டுக்கும் வயருக்கும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆம்பை நாலு வருஷத்தில் மாற்றலாம். செட்டின் குரல் என்பது ஸ்பீக்கர்தான். ஐந்தே கால் அல்லது ஆறரை இஞ்ச் வூஃபர் (அடி ஒலி தரும் பெரிய கோன்) உள்ள, அலமாரியில் வைக்கும் அளவிலான புக்‌ஷெல்ஃப் ஜோடி போதும். இந்தக் காசுக்கு வரும் உயரமான டவர் பெட்டிகளில் பெரும்பாலும் கூடுதலாகக் கிடைப்பது பலகைதான். கையில் 12,000-க்குள் என்றால், ஆம்ப் உள்ளேயே இருக்கும் எடிஃபையர் ஆர்1280டி மாதிரியானதைப் பார்க்கலாம். 4 இஞ்ச் வூஃபர், மொத்தம் 42 வாட்ஸ், படுக்கையறைக்குத் தாராளம். ஆனால் உள்ளே இருக்கும் போர்டு போனால் ஜோடியே வாய் மூடிவிடும்.

நம்ம பக்கம், அதாவது மார்த்தாண்டம், களியக்காவிளை, குலசேகரம் சுற்றுவட்டாரத்தில், கேட்டலாகில் போடாத ஒரு விஷயம் உண்டு: ஈரம். வூஃபர் கோனைச் சுற்றியுள்ள வளையத்தைச் சரவுண்ட் என்பார்கள். அது ஃபோம் என்றால் இந்தக் காற்றில் பொடிந்துபோகும். பழைய பெட்டியில் விரல் நுனியால் லேசாக அழுத்துங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ கரித்தூள் மாதிரி உதிர்ந்தாலோ அது முடிந்த கதை. ரப்பர் அல்லது துணி சரவுண்ட் வாங்குங்கள். ரப்பர் பால் வெட்டும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது வேடிக்கைதான், ஆனால் இது நம் தோட்டத்து ரப்பர் அல்ல, பெரும்பாலும் பியூட்டைல் என்கிற செயற்கை ரப்பர். மலிவான பெட்டிகள் பார்ட்டிகிள் போர்டு. தரை துடைக்கும் தண்ணீர் பட்டால் அடிப்பக்கம் ஊதிவிடும். தரையில் வைக்கவே வேண்டாம்.

அடுத்தது கல்ஃப் செட்டு, அதாவது வளைகுடா நாடுகளிலிருந்து கொண்டுவந்த பழைய செட்டு. இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒன்றாவது பரணில் கிடக்கும், திருவனந்தபுரத்துப் பீமாப்பள்ளிப் பக்கமும் கிடைக்கும். சான்சுயி, பயோனியர், அகாய், டெக்னிக்ஸ். எண்பதுகளின் ஸ்டீரியோ ரிசீவர் (ஆம்பும் ரேடியோவும் சேர்ந்தது) நல்ல நிலையில் கிடைத்தால் இன்றைய பத்தாயிரம் ரூபாய் ஆம்பை விட மேல். ஆனால் பிளக்கைச் சொருகுவதற்கு முன்னால் பின்பக்கம் பாருங்கள். சவுதியில் அப்போது வீட்டுக்கு 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கரண்ட் இருந்தது. பல செட்டுகளில் 110, 127, 220, 240 என்று ஒரு திருகு செலக்டர் இருக்கும். அது 127-ல் நிற்க நம் 230-ஐக் கொடுத்தால் ஃபியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரே போகும். செலக்டரே இல்லாமல் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தகட்டில் உள்ள வாட்ஸைப் போல இரண்டு மடங்கு விஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் அளவு) பார்த்து வாங்குங்கள். 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்றிருந்தால் 50-ல் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சுடும், அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஆன் செய்த பின், ஸ்பீக்கர் எதுவும் மாட்டாமல், வால்யூமை அடியில் வைத்து, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் போட்டு ஸ்பீக்கர் டெர்மினல்களில் அளந்து பாருங்கள். 50-க்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். ஸ்பீக்கரை மாட்டினால் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) கருகும். பின்பு பாட்டைப் போட்டு மெதுவாகக் கேளுங்கள். ஒரு பக்கம் மங்கலாக, அடைத்த குரலில் வந்து, வால்யூமைக் கூட்டியதும் டப்பென்று தெளிந்தால் அது ஐசி கோளாறு இல்லை. ஸ்பீக்கரை இணைக்கும் சுவிட்சான ரிலேயின் முனைகள் ஈரத்தில் கறுத்திருக்கின்றன. அதே வோல்ட்டில் ரிலே மாற்றினால் தீரும், சில நூறு ரூபாய் வேலை. "ஐசி மாத்தணும், ரெண்டாயிரம் ஆகும்" என்று யாராவது சொன்னால் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வால்யூம் திருகும்போது கரகர என்றால் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து இருபது முப்பது தடவை இருபுறமும் திருகினால் போதும். மேல் மூடியைக் கழற்றிப் பல்லி முட்டையும் பாருங்கள். பல்லி குறுக்கே விழுந்து போர்டு எரிவது சர்வீஸ் கடைகளில் புதிதல்ல. பெரிய ஃபில்டர் கப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் மாற்றியாக வேண்டும். உள்ளூரில் அசெம்பிள் செய்த பழைய ஆம்புகளில் கெல்ட்ரான் கப்பாசிட்டர் கண்ணில் படும். 1973-ல் கேரள அரசு தொடங்கிய கம்பெனி, கண்ணூர்ப் பக்கம் கல்லியாசேரியில் செய்தவை. பெயர் நல்லதுதான், ஆனாலும் முப்பது வருஷம் ஆனதை நம்ப வேண்டாம்.

ஸ்பீக்கருக்குச் சோதனை இரண்டு. மீட்டரில் ஓம் பாருங்கள்: 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 காட்டும், 4 ஓம் என்றால் மூன்று, மூன்றரை. பிறகு கோனை இரண்டு கட்டைவிரலால் சமமாக உள்ளே தள்ளுங்கள். உரசும் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் சாய்ந்துவிட்டது.

புது ரிசீவர் என்றால் யமஹா ஆர்-எஸ்202-ஐ எல்லோரும் சொல்வார்கள். ப்ளூடூத்தும் எஃப்எம்மும் உண்டு. ஆப்டிகல் (டிவியின் டிஜிட்டல் ஒலியை வாங்கும் வழி) கிடையாது, ஃபோனோ (ரெக்கார்ட் பிளேயர் மாட்டும் வழி) கிடையாது, சப்வூஃபர் அவுட்டும் கிடையாது. ஆப்டிகல் அவுட் மட்டுமே உள்ள டிவியோடு இணைக்கத் தனியாக ஒரு டிஏசி (டிஜிட்டல் ஒலியை ஆம்புக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) வாங்க வேண்டிவரும், அந்தக் காசையும் கணக்கில் சேருங்கள். டெனான் பிஎம்ஏ-600என்இ 8 ஓமில் 45 வாட்ஸ்தான், ஆனால் ஆப்டிகலும் ஃபோனோவும் உள்ளேயே இருக்கிறது. விலைதான் நம் கணக்கைத் தாண்டும். ஆப்டிகல் மாட்டியும் சத்தமே வரவில்லையென்றால் டிவி செட்டிங்கில் ஆடியோ அவுட்டைப் பிசிஎம் என்று மாற்றுங்கள். டால்பியில் விட்டால் ஸ்டீரியோ ஆம்புக்கு அது புரியாது.

வயருக்குச் செலவழிக்க வேண்டாம். வீட்டு வயரிங்குக்கு வரும் செம்பு வயரே போதும்: ஐந்து மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர், அதற்கு மேல் 2.5. கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிவது செம்பு பூசிய அலுமினியம், நம் ஈரத்தில் முனை சீக்கிரம் கெட்டுவிடும். கிளாஸ் டி ஆம்பில் இரண்டு பக்க மைனஸையும் ஒன்றாக முடிந்துவிடாதீர்கள், மைனஸிலும் பாதி சப்ளை வோல்ட் இருக்கும்; ஆம்ப் காலி.

நம் ஹால்களில் டைல்ஸும் வெறும் சுவரும்தான். கை தட்டினால் டிங் என்று திரும்பி வரும். ஒரு கனமான திரையும், நடுவில் ஒரு ஜமுக்காளமும் ஐயாயிரம் ரூபாய் அதிகமான ஸ்பீக்கரை விடப் பலன் தரும். பின்னால் ஓட்டை உள்ள பெட்டி என்றால் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்து, ட்விட்டரை (கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) உட்கார்ந்த காது மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கிரானைட் கடையில் கிடைக்கும் வெட்டுத் துண்டு ஸ்டாண்டுக்கு நல்ல அடிப்பலகை.

ரிசீவர் வாங்கி எஃப்எம் போடாமல் விடுவது பாவம். நாகர்கோவில் வானொலி 101.0, திருவனந்தபுரம் வானொலி 101.9. ஒற்றை வயரைத் தொங்கவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். பக்கத்துக்கு 70 சென்டிமீட்டராக இரண்டு வயரை விரித்து, நடுவிலிருந்து 75 ஓம் கேபிளில் இறக்குங்கள். மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் வடமேற்கு, நாகர்கோவில் தென்கிழக்கு, ஏறக்குறைய ஒரே கோடு. அதனால் வயரை வடகிழக்கு தென்மேற்காகக் கட்டினால் இரண்டும் வரும்.

ஐப்பசி மழை தொடங்கினால் மதியத்துக்கு மேல் இடி வராத நாள் குறைவு. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கை உருவ வேண்டும். டிவியின் டிஷ் கேபிள், மாடிக்குப் போகும் ஆன்டெனா கேபிள் இரண்டையும் சேர்த்து உருவுங்கள். பிளக்கை உருவியும் எரிந்த செட்டுகளில் மின்னல் வந்த வழி பெரும்பாலும் அதுதான்.