மூணாவது ஷிப்ட்: ஓர் ஆல்பத்தின் நாட்குறிப்பு

மார்ச் 9, 2025, ஞாயிறு

எங்கள் தமிழ் ராப் ஆல்பத்துக்குப் பெயர் முடிவாகிவிட்டது: ‘மூணாவது ஷிப்ட்’. எட்டுப் பாட்டு. எல்லாமே புதுச்சேரி முதலியார்பேட்டைப் பக்கம் ஓடிய மில்களைச் சுற்றித்தான். எங்கள் பாட்டி கடைசிவரை ‘ரோடியர் மில்’ என்றே சொன்ன ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ ஃபிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) பஞ்சாலை 1898இல் தொடங்கியது. 2020இல் மூடிவிட்டார்கள். சுதேசி, பாரதி மில்களும் இன்று ஓடவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் புதுச்சேரி என்றால் மஞ்சள் சுவரும் கடற்கரைச் சாலையும்தான். இந்த ஊரில் பாதிக் குடும்பங்கள் பஞ்சாலைச் சம்பளத்தில் வளர்ந்தவை. அதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

பீட் (ராப்புக்குப் பின்னால் ஓடும் தாள இசை) போடும் தம்பி கடலூர் ஓல்டு டவுனிலிருந்து பஸ் ஏறி வருகிறான். இதுவரை அவன் பீட் அனுப்புவான், நான் என் அறையிலேயே பேசிப் பதிந்து திருப்பி அனுப்புவேன். சிங்கிளுக்கு அது போதும். இந்த ஆல்பத்தில் பறை இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது, பிரெஞ்சில் ஒரு வெர்ஸ் (ராப் பத்தி) இருக்கிறது. அவர்களை எல்லாம் ‘ஃபீச்சரிங்’ என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் போடுவதில் எனக்கு விருப்பமில்லை. சேர்ந்து செய்தால் சேர்ந்தே சொந்தம். இதை முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம்.

வெளியீடு ஜூலை 30. 1936இல் அதே தேதியில்தான் சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 பேர் இறந்தார்கள். இங்கே எட்டு மணி நேர வேலை வந்தது அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று பறை. வில்லியனூர் பக்கத்திலிருந்து அண்ணன் தன் சோடிக்காரர்கள் இரண்டு பேரோடு காலையிலேயே வந்துவிட்டார். அறைக்குள் வைத்துப் பதிய முடியாது. எத்தனை மெத்தையை நிறுத்தினாலும் அந்த அடி சுவரில் மோதித் திரும்பி வரும். அதனால் மொட்டை மாடி.

கடல் காற்றுக்குத் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. மாடியின் மூலையில் கொஞ்சம் வைக்கோல் போட்டுக் கொளுத்தினார்கள். அண்ணன் பறையை இரண்டு கையாலும் பிடித்து, தீ படாமல் அனல் மட்டும் படும் உயரத்தில் மெதுவாகச் சுற்றினார். நடுவில் நிறுத்தி விரலால் சுண்டிப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், மறுபடி காய்ச்சுவார். ‘ணங்’ என்று ஒரு சத்தம் வந்ததும் ஒன்றும் பேசாமல் எழுந்து மைக் முன்னால் வந்து நின்றார். தம்பி பாய்ந்து ரெக்கார்ட் பட்டனை அழுத்தினான். அந்தச் சத்தம் அதிக நேரம் நிற்காது.

ஹெட்போன் மாட்டி, வேகம் மாறாமலிருக்கத் தட்டிக்கொண்டே இருக்கும் கிளிக் சத்தத்தைக் கொடுத்தோம். கொஞ்ச நேரம் வாசித்துவிட்டுக் கழற்றிவிட்டார். “இது டிக்கு டிக்குனு கூடவே வருது பாப்பா. எனக்கு என் சோடிக்காரன் கை தெரிஞ்சா போதும்” என்றார். கிளிக் இல்லாமல் வாசித்ததுதான் வேண்டிய டேக் (பதிவு). ஒத்தையடியில் ஆரம்பித்து வேகம் பிடித்து, 96இல் தொடங்கிய பி.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு) கடைசியில் 101இல் வந்து நின்றது. கணினியில் கட்டம் போட்டு வேலை செய்கிறவர்கள் இதைத் தப்பு என்று இழுத்து நேராக்கிவிடுவார்கள். தம்பி அந்த டேக்கில் கை வைக்கவில்லை. ஒவ்வொரு பார் (தாளச் சுற்று) ஆக வேகத்தைக் குறித்துக்கொண்டு, தன் டிரம் ஒலிகளான கிக்கையும் ஹை ஹேட்டையும் பறைக்குப் பின்னால் நடக்க வைக்கிறான்.

இன்னொரு சிக்கல்: டேக் போகப் போகப் பறையின் சுருதி இறங்குகிறது. முதலில் 808 பேஸை (கனமான மின்னணு அடிநாதம்) ஒரே சுருதியில் வைத்துப் பார்த்தான். பாட்டின் பின்பாதியில் இரண்டும் ஒட்டவில்லை. பேஸையும் கூடவே மெல்ல இறக்கிவிட்டான். கேட்கிறவருக்கு இறங்குவது தெரியாது, ஆனால் வயிற்றில் ஏதோ கனக்கும்.

ஏப்ரல் 5, சனி

ராத்திரி கரண்ட் இல்லை. கைபேசி வெளிச்சத்தில் மூன்றாம் பாட்டின் இரண்டாவது வெர்ஸ் எழுதினேன். நாளைக்குப் படித்தால் பாதி நிற்கும். 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி – நட்சத்ரா ராப் குழுவின் குரல் கேட்டுத்தான் தமிழில் இப்படி அடுக்க முடியும் என்று என் வயசுக்காரர்கள் நிறையப் பேருக்குத் தெரிந்தது. அந்தக் கடனுக்கு ஒரு வரி இந்த வெர்ஸில் உண்டு.

ஏப்ரல் 19, சனி

ஏ.எஃப்.டி.யில் தறி ஓட்டிய பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். கதை கேட்கத்தான் போனோம். அவர் பேச்சை நிறுத்திவிட்டு மேஜையில் தட்ட ஆரம்பித்தார். “நாடா போற சத்தம் ஒண்ணு, திரும்பி வர்ற சத்தம் ஒண்ணு, நடுவுல ஊடைய அடிக்கிறது ஒண்ணு.” நாடா என்றால் குறுக்கு நூலோடு தறியில் ஓடும் கட்டை, ஊடை அந்தக் குறுக்கு நூல். வலது கை விரல்கள் இரண்டு, இடது உள்ளங்கை. அத்தனை வருஷம் கழித்தும் ஒரு அடி பிசகவில்லை. தம்பி மைக்கை மேஜை ஓரத்தில் வைத்துப் பதிந்துகொண்டான். ஐந்தாவது பாட்டுக்கு ஹை ஹேட்டே வேண்டாம், அந்த விரல்கள் போதும்.

தறி ஹாலில் யார் பேசினாலும் காதில் விழாதாம், உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்களாம். அதைக் கேட்டதும் அந்தப் பாட்டின் மிக்ஸ் (எந்த ஒலி முன்னால், எது பின்னால் என்ற கலவை) எனக்குப் பிடிபட்டுவிட்டது. ராப் பாட்டில் குரல் முன்னால் நிற்க வேண்டும் என்பார்கள். இதில் இரண்டாவது வெர்ஸ் முழுக்க என் குரலைத் தறிக்குப் பின்னால் தள்ளச் சொல்லிவிட்டேன். கேட்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளட்டும்.

மே 1, வியாழன்

பாரீஸ் பக்கம் சார்செல்லில் இருக்கும் இன்னொரு தம்பியிடமிருந்து பிரெஞ்சு வெர்ஸ் வந்தது. சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், வீடு இன்னும் இங்கே இருக்கிறது. அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ராப் பிரெஞ்சில்தான்.

ஜூலை 30 கதையைச் சொல்லி, உனக்குத் தோன்றியதை எழுது என்று விட்டிருந்தேன். அவன் பிரான்ஸ் பக்கமிருந்து பிடித்துவிட்டான். 1936இல் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி தேர்தலில் வென்றதும் அங்கே தொழிலாளர்கள் ஆலைகளை ஆக்கிரமித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூனில் லியோன் ப்ளூம் தலைமையில் அவர்கள் அரசு அமைந்ததும், முதலாளிகளும் தொழிற்சங்கமும் கையெழுத்திட்ட மத்தின்யோன் ஒப்பந்தம் வந்தது. வாரத்துக்கு 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் ஆனது. அடுத்த மாதமே அதே அரசின் கொடி பறந்த புதுச்சேரியில் வேலை நேரத்தைக் குறைக்கச் சொன்னவர்களுக்குக் குண்டு. அவன் இதை 16 பாரில் எழுதி, கடைசி நான்கை எனக்காகக் காலியாக விட்டிருக்கிறான். இங்கேயே பிறந்து வளர்ந்தும், இரண்டையும் இப்படிப் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததில்லை.

எழுத உட்கார்ந்தபோது ஒன்று கவனித்தேன். பிரெஞ்சில் அழுத்தம் சொற்றொடரின் கடைசியில் விழுகிறது, அவன் எதுகையும் வரிக் கடைசியில்தான். எனக்குப் பழக்கம் அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் பிடிக்கும் எதுகை. அவன் வரி முடிகிற இடமும் என் வரி தொடங்குகிற இடமும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால், மாறி மாறிப் பேசும்போது இரண்டு எதுகையும் அந்த முனையில் முட்டிக்கொள்கின்றன. திட்டம் போட்டு வந்ததில்லை. ஆனால் தெரிந்த பிறகு சும்மா விடுவேனா? அவன் முடிக்கும் சத்தத்தையே பிடித்து என் அடியைத் தொடங்கினேன். ஆல்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

மே 25, ஞாயிறு

அத்தை ஒப்பாரி பாடச் சம்மதித்தாள், ஆனால் வீட்டுக்குள் மாட்டேன் என்றாள். “சாவு விழாத வீட்ல ஒப்பாரி வெக்கச் சொல்றியாடி?” சரி என்று விடியற்காலையில் வீராம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கையடக்க ரெக்கார்டரில் பதிந்தோம். அலைச் சத்தம் கூடவே வரும், வரட்டும்.

எழுதிக் கொடுத்த வரி எதையும் அவள் தொடவில்லை. மணலில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துக்கொண்டு, தானாகவே கட்டினாள்:

‘பஞ்சு நூத்தவனே பாவு ஓட்டி நின்னவனே
பஞ்சு மெத்த காணாம பாதையில படுத்தியே’

இதற்குக் கீழே தம்பி பறையின் மாரடிப்பு அடியைத் தவிர வேறு எதுவும் போடமாட்டேன் என்கிறான். நானும் இந்தப் பாட்டில் ராப் செய்யப்போவதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பங்குப் பத்திரம் எழுதினோம். மூன்று மணி நேரப் பேச்சு, நடுவில் கொஞ்சம் சத்தமும்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. சொல்லும் மெட்டும் சேர்ந்த பாட்டு ஒன்று, அதைப் பதிந்த மாஸ்டர் இன்னொன்று. நம் பக்கம் வழக்கம் என்னவென்றால் சொல்லுக்குப் பாதி, பீட்டுக்குப் பாதி. வாசிக்க வந்தவருக்கு அன்றைய கூலி, அதோடு சரி. தம்பியும் முதலில் அப்படித்தான் கணக்குப் போட்டான். பீட்டைக் கட்டியது அவன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுக்கு அடியில் இருப்பது அண்ணன் வாசித்த அடி. அந்த வேகம், அந்த ஏற்றம், எங்கே நிறுத்தி எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் அவர் கைவேலை. அதை எடுத்துவிட்டால் முதல் பாட்டில் என்ன மிச்சம்? இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை. பறைக்காரருக்குக் கூலி, கணினி வைத்திருப்பவனுக்கு உரிமை என்று காலங்காலமாக நடப்பதை நாமும் செய்துவிட்டு, உழைப்பைப் பற்றி எட்டுப் பாட்டுப் பாட முடியாது. தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அவனே பேனாவை எடுத்தான்.

அண்ணனோ, “கூலி எவ்வளவுன்னு சொல்லுங்க, போதும்” என்றார். கூலியும் உண்டு, பங்கும் உண்டு என்று சொன்னோம். 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. பாடுகிறவர், வாசிக்கிறவருக்கும் தனி உரிமை இருக்கிறது. அண்ணனுக்கு இதை விளக்கினேன். “அப்ப என் பையனுக்கும் வருமா?” என்று கேட்டார். வரும். ராயல்டி வசூலித்துத் தரும் காப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். விண்ணப்பத்தை அவரோடு உட்கார்ந்து நிரப்புவது என் பொறுப்பு.

முடிவு இதுதான். மாஸ்டரில் எல்லாருக்கும் சமப் பங்கு. பாட்டுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்தோம். ஒப்பாரி முழுக்க அத்தைக்கும் பறைக்கும். தறிப் பாட்டில் மேஜை தட்டிய பெரியவர் இசையில் ஒரு பங்குதாரர்.

ஜூன் 22, ஞாயிறு

சென்னையில் மாஸ்டர் செய்ய, அதாவது வெளியீட்டுக்கு ஒலியைக் கடைசியாகச் சரிசெய்ய, கொடுத்திருந்தோம். முதலில் வந்தது செம சத்தம். ஆனால் பறையின் முதல் அடி நசுங்கிப்போயிருந்தது. குச்சி தோலில் படும் அந்த முனையை, சத்தத்தின் உச்சத்தை வெட்டும் லிமிட்டர் மழுக்கிவிட்டது. ஸ்பாட்டிஃபை எப்படியும் பாட்டை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (சத்த அளவின் அலகு) பக்கம் சமப்படுத்தி விடுகிறது. பிறகு எதற்கு இந்தப் போட்டி? சத்தத்தைக் குறைத்து, அடியைக் காப்பாற்றித் தரச் சொன்னோம். இரண்டாவது மாஸ்டரை அண்ணனுக்குப் போட்டுக் காட்டியதும், “இப்பதான் தோலு கேக்குது” என்றார். முடிந்தது.

ஜூலை 5, சனி

பாட்டுகளை ஏற்றிவிட்டோம். வினியோகத் தளத்தோடு இரண்டு நாள் மல்லுக்கட்டு. ஆல்பத்தின் முகப்பில் எல்லார் பெயரையும் முதன்மைக் கலைஞராகப் போட்டால், அது தானாகவே ‘பல கலைஞர்கள்’ என்று மாற்றிவிடுகிறது. இந்த ஆல்பத்தில் பெயர் தெரியாத பல பேர் கிடையாது. கடைசியில் முகப்பில் தம்பி பெயரும் என் பெயரும், ஒவ்வொரு பாட்டிலும் அதைச் செய்தவர்கள் எல்லாரும் முதன்மைக் கலைஞர்களாக. எனக்கு முழுத் திருப்தி இல்லை. அதனால் வரிகளோடு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறோம், அட்டையிலேயே அத்தனை பெயரும் ஒரே அளவு எழுத்தில்.

வெள்ளிக்கிழமை வெளியிட்டால்தான் பிளேலிஸ்டில் எடுப்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஜூலை 30 புதன்கிழமை வருகிறது. புதன்கிழமைதான்.

ஜூலை 30, புதன்

காலையில் சங்கத்துக்காரர்கள் தியாகிகளுக்கு மாலை போட்டார்கள். நாங்களும் போய் நின்றோம். சாயங்காலம் எங்கள் தெருவில் ஸ்பீக்கர் கட்டி ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை போட்டோம். சார்செல் தம்பி வீடியோ காலில், அங்கே மத்தியானம் மூன்றரை மணி. பிரெஞ்சு வெர்ஸ் வந்தபோது எதிர்வீட்டு சொல்தா தாத்தா நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் பக்கத்திலிருந்த பெண்களுக்குத் தமிழில் சொன்னார். 40 மணி நேரம் என்ற இடத்தில் ஓர் அம்மா, “அவங்களுக்கு மட்டுமா?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டார்.

ஒப்பாரி ஓடும்போது அத்தை வீட்டுக்குள் போய்விட்டாள். வெளியே வந்ததும், “அலையக் கொஞ்சம் கொறச்சிருக்கலாம்” என்றாள். மிக்ஸ் பற்றி வந்த முதல் விமர்சனம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

புத்தகம் கையில் வாங்கிக்கொள்கிறார்கள், கூடவே ஆல்பத்தையும் காசு கொடுத்து இறக்குகிறார்கள். முதல் வரவைப் பத்திரப்படி பிரித்துப் போட்டாகிவிட்டது. ஸ்ட்ரீமிங் வேறு கதை. ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு 2024லிருந்து காசே கிடையாது. மூலையில் இருக்கிற பாட்டுகளுக்கு அந்த விதி பெரிய அநியாயம். எங்கள் எட்டில் தறிப் பாட்டு மெதுவாகத்தான் நகர்கிறது. அதை யாரிடமாவது போட்டுக் காட்டாமல் எனக்கு இப்போது ஒரு நாளும் முடிவதில்லை.

டிசம்பரில் சார்செல் தம்பி ஊருக்கு வருகிறான். எல்லாரும் ஒரே மேடையில் ஏற வேண்டும். பதிந்த டிராக்கை ஓடவிட்டு அதற்கு மேல் அண்ணனை வாசிக்கச் சொல்ல முடியாது. அதனால் தம்பி பீட்டை டிரம் பேடில் கையாலேயே அடித்துப் பழகுகிறான், பறை போகிற வேகத்துக்கு அவன் போவான். தறிக்காரப் பெரியவர் அவருடைய மேஜையையே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், வேறு மரத்தில் அந்தச் சத்தம் வராதாம். மேஜைக்கு அடியில் ஒட்ட ஒரு கான்டாக்ட் மைக் தேடுகிறோம். அடுத்த ஞாயிறு ஒத்திகை.