கொட்டகையில் செய்த வண்டிக்கு ‘க்யூ’ நம்பர் வாங்கிய கதை

இங்கிலாந்தில் வீட்டிலேயே ஒரு மோட்டார்சைக்கிளைச் செய்து, அதற்கு முறையாக நம்பர் வாங்கி, வரி கட்டி ரோட்டில் ஓட்ட முடியுமா? முடியும், நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வண்டியை ஓட வைப்பதைவிட, அதில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் எங்கிருந்து வந்தது என்று காகிதத்தில் காட்டுவதுதான் பெரிய வேலை. இந்த ஆசை உள்ளவர்கள் வெல்டிங் மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஒரு நல்ல ஃபைல் வாங்கி வையுங்கள்.

முதலில் வண்டியைப் பற்றி. எஞ்சினும் கியர்பாக்ஸும் திருவொற்றியூரில் செய்த புல்லட்டுடையவை, 346 சிசி. முன்பக்க ஃபோர்க்கும் சக்கரமும் ஒரு ஜப்பான் வண்டியிலிருந்து கழற்றியவை. ஃபிரேம் மட்டும் முழுக்க முழுக்க என் கைவேலை. குழாயை வாங்கி, வளைத்து, மரப்பலகையில் ஜிக் (குழாய்களை அசையாமல் பிடிக்கும் சட்டம்) அடித்து வெல்டிங் செய்தது. நான் இருப்பது பர்மிங்காம் பக்கம். ராயல் என்ஃபீல்டு பிறந்த ரெடிட்ச் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அந்தத் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டுவிட்டது. 1955இல் மதராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா மட்டும் நிலைத்து நின்றது. நம்ம ஊர் எஞ்சினை அதன் தாத்தா ஊரிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையைத் தவிர, இந்த எஞ்சினைத் தேர்ந்தெடுக்க எனக்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

புல்லட்டின் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று பலரும் கேட்டார்கள். கூடாது. நான் விண்ணப்பித்த 2024இல் இருந்த விதிப்படி, பழைய நம்பர் வேண்டுமென்றால் அந்த வண்டியின் மாற்றப்படாத ஃபிரேமோ, அதே அளவில் செய்த புது ஃபிரேமோ இருக்க வேண்டியிருந்தது. அதோடு ஃபோர்க், சக்கரங்கள், எஞ்சின், கியர்பாக்ஸ் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு அந்த வண்டியின் அசலாக இருக்க வேண்டியிருந்தது. என்னிடம் இரண்டு இருந்தன, ஃபிரேம் இல்லை. எல்லாமே புதுப் பாகங்களாக இருந்தால் நடப்பு ஆண்டைக் குறிக்கும் நம்பர் கிடைக்கும். அப்போதும் ஒரே ஒரு பாகம் மட்டும் பழையதைச் சீர்செய்ததாக இருக்கலாம். என்னைப் போல நாலு வண்டியின் பாகங்களைச் சேர்த்துக் கட்டினால் கிடைப்பது ‘Q’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் க்யூ நம்பர். வயதோ பூர்வீகமோ நிச்சயமாகச் சொல்ல முடியாத வண்டிகளுக்கு என்று 1983 முதல் கொடுக்கப்படும் எழுத்து அது.

வண்டி கட்டுகிறவர்கள் மத்தியில் க்யூ நம்பருக்கு நல்ல பெயர் கிடையாது. விற்கும்போது விலை போகாது, ஃபேன்சி நம்பர் மாட்ட முடியாது என்பார்கள். இரண்டும் உண்மைதான். நான் விற்கப்போவதில்லை, ஃபேன்சி நம்பரும் வேண்டாம். தவிர, இது வீட்டில் செய்த வண்டி என்பதை அந்த ஒற்றை எழுத்தே ஊருக்குச் சொல்லிவிடும். எனக்கு அது பெருமையாகத்தான் இருக்கிறது.

சரி, காகித வேலைக்கு வருவோம்.

பழைய பாகங்களில் பாதி, வயல்வெளியில் நடக்கும் உதிரிபாகச் சந்தையில் வாங்கியவை. அங்கே ரசீது என்று கேட்டாலே ஆளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனால் கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டுபோவேன். எஞ்சின் விற்ற பெரியவர் கிரீஸ் படிந்த கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, எஞ்சின் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்து எழுதிக் கொடுத்தார். எந்த வண்டியிலிருந்து கழற்றியது, அந்த வண்டியின் பழைய பதிவு எண் என்ன, அவருடைய முகவரி என்ன, எல்லாம் அந்த ஒரே தாளில். அதற்கு மேல் நான் ஒரு வெள்ளைத் தாளை எஞ்சின் நம்பர்மீது வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தேன். நம்ம ஊர் ஆர்டிஓ ஆபீஸில் சேஸ் நம்பருக்கு எடுப்பார்களே, அதேதான். “இது எதற்கு?” என்று கேட்டார். “ஊர்ப் பழக்கம்” என்றேன். இங்கே யாரும் அதைக் கேட்பதில்லை. ஆனால் பாதித் தேய்ந்த நம்பர் புகைப்படத்தில் விழாதபோது பென்சில் அச்சில் பளிச்சென்று தெரியும்.

புகைப்படங்களும் அப்படித்தான். குழாய் வெட்டும்போது, ஜிக்கில் பொருத்தும்போது, வெல்டிங் முடிந்ததும், பெயின்ட்டுக்கு முன், பின் என்று எடுத்துத் தள்ளினேன். ஃபிரேமை வாங்கவில்லை, செய்தேன் என்பதற்கு ரசீது ஏது? குழாய் வாங்கிய பில்லும் இந்தப் படங்களும்தான் சாட்சி.

அடுத்தது எம்எஸ்விஏ சோதனை. மோட்டார்சைக்கிள் சிங்கிள் வெஹிக்கிள் அப்ரூவல் என்பது முழுப்பெயர், 2003இல் வந்தது. கம்பெனி வண்டிக்கு மாடல் முழுமைக்கும் ஒரே ஒப்புதல் இருக்கும். ஒற்றையாகச் செய்த வண்டி தனியாக இதில் தேற வேண்டும். நடத்துவது டிவிஎஸ்ஏ என்ற அரசு வாகனச் சோதனை அமைப்பு. இதற்கான கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை அச்செடுத்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். ஃபிரேம் வரைவதற்கு முன்பே அதைப் படித்துவிடுவது நல்லது. சேஸ் நம்பரை ஃபிரேமின் வலது பக்கத்தில் பொறிக்க வேண்டும், நம்பர் பிளேட்டுக்கு இடம் வேண்டும், ஸ்டியரிங் லாக் மாதிரி திருட்டுத் தடுப்பு ஒன்று வேண்டும். இதையெல்லாம் பெயின்ட் அடித்த பிறகு யோசித்தால் மறுபடி கிரைண்டர் எடுக்க வேண்டியதுதான்.

சோதனை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். பிரேக், கிளட்ச் லிவர்களின் நுனி உருண்டையாக இருக்க வேண்டும், அந்த வளைவின் ஆரம் குறைந்தது 7 மில்லிமீட்டர். விழுந்தால் வயிற்றில் குத்தக் கூடாது என்பதற்காக. சோதகர் கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு லிவர் நுனியையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதே விரலை ஃபுட்ரெஸ்ட், பிராக்கெட், நட்டு முனை என்று வண்டி நெடுகிலும் ஓட்டினார். நான் நீட்டிக்கொண்டிருந்த போல்ட் எல்லாவற்றையும் அறுத்து, முனை மூடிய டோம் நட் போட்டிருந்ததால் எங்கும் நிற்கவில்லை.

பின்னர் டேப் வந்தது. முன் இண்டிகேட்டர்களுக்கு நடுவே குறைந்தது 240 மில்லிமீட்டர், பின்னால் 180. தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதற்கும் கணக்கு உண்டு. விளக்கு, கண்ணாடி, டயர் எல்லாவற்றிலும் வட்டத்துக்குள் ‘ஈ’ போட்ட ஒப்புதல் முத்திரை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற இண்டிகேட்டர்களில் பெரும்பாலும் இந்த முத்திரை இருக்காது. அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். ஸ்பீடோமீட்டர் மைலில் காட்ட வேண்டும், நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, இரவிலும் தெரிய வேண்டும்.

சத்தம் அளப்பதுதான் எனக்கு உதறலாக இருந்தது. புல்லட் ஆயிற்றே! சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி சாய்வில் மைக்கை நிறுத்தி, எஞ்சினை ஒரு குறிப்பிட்ட சுற்றில் பிடித்து அளக்கிறார்கள். டப் டப் சத்தம் எனக்கும் பிடிக்கும்தான். ஆனாலும் உள்ளே தடுப்புகள் உள்ள ஒழுங்கான சைலன்சரைத்தான் போட்டிருந்தேன். ரோட்டில் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிய ரேஸ் சைலன்சர்களோடு போனால் அங்கேயே கதை முடிந்தது. என் வண்டி தேறியது.

தேறாமல் போனது சைடு ஸ்டாண்டு. வண்டியை நிமிர்த்தி நகர்த்தினால் ஸ்டாண்டு தானாக மடங்க வேண்டும், அல்லது ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது எஞ்சின் சக்தியில் வண்டி கிளம்பக் கூடாது. என் ஸ்டாண்டு பழைய காலத்துது. நிமிர்த்தினார், அது அசையாமல் நின்றது. தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். ஸ்டாண்டு இறங்கினால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் ஒன்றை வயரிங்கில் சேர்த்து மறுபடி கொண்டுபோனேன். மறு சோதனைக்குக் கட்டணமும் குறைவு, பழுது சொன்னதை மட்டும் பார்த்துவிட்டுச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள்.

சோதனைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டே போகலாமா என்றால், முன்பதிவு செய்த சோதனைக்குப் போகிற வழிக்கு வரி தேவையில்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் கட்டாயம். நம்பரே இல்லாத வண்டிக்குச் சேஸ் நம்பரை வைத்து இன்ஷூரன்ஸ் கொடுக்கிற இடங்கள் குறைவு. ஒரு கம்பெனிக்குப் போன் செய்தால் அந்தப் பெண், “சார், லிஸ்ட்டில் எந்த கம்பெனி வண்டி என்று தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை” என்கிறார். மாற்றம் செய்த வண்டிகளுக்கென்றே இருக்கிற தரகர்களிடம் போனால் இந்தத் தொல்லை இல்லை. படங்கள் அனுப்பச் சொல்லி, மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்கிறார்கள். சோதனைக்கு நான் நண்பரின் வேனில்தான் ஏற்றிப் போனேன்.

இனி ஸ்வான்சீயில் இருக்கும் டிவிஎல்ஏ, அதாவது வண்டிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகம். வி55/5 என்பது பதிவுக்கும் வரிக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம். கூடவே வி627/1 என்ற படிவம். எஞ்சின், ஃபிரேம், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றும் புதிதா பழையதா, எங்கிருந்து வந்தது என்று கேட்பது இதுதான். நான் சேர்த்து வைத்த ஃபைலுக்கு இங்கேதான் வேலை வந்தது. ரசீதுகளுக்கு எண் போட்டு, படிவத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே அந்த எண்ணைக் குறித்தேன். எம்எஸ்விஏ சான்றிதழ், படங்கள், அடையாளச் சான்றின் நகல் எல்லாம் சேர்த்தால் உறை தடிமனாகிவிட்டது. அசல் காகிதங்களைத்தான் அனுப்ப வேண்டும் என்பதால் முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டு, டிராக்கிங் உள்ள தபாலில் போட்டேன்.

நான் விண்ணப்பித்தது 2024இல். அப்போது முதல் பதிவுக் கட்டணம் 55 பவுண்டு. மோட்டார்சைக்கிளுக்கு வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது: 150 சிசி வரை ஒன்று, 151 முதல் 400 வரை ஒன்று, 401 முதல் 600 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. என் 346 சிசிக்கு ஆண்டு வரியும் அதே 55 பவுண்டு. ஆக 110 பவுண்டுக்கு ஒரு காசோலை. வரி விகிதம் ஒவ்வொரு ஏப்ரலிலும் கொஞ்சம் ஏறும், அதனால் அனுப்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எந்தத் தேதியில் பதிவானாலும் வரி அந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்தே கணக்கு. மாதக் கடைசியில் அவசரப்படுவதில் லாபமில்லை.

40 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு இங்கே வரி இல்லை. அதனால் ரெடிட்ச் காலத்து எஞ்சினைத் தேடிப் போட்டால் வரி தப்பிக்கலாமே என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். எஞ்சினுக்கு எழுபது வயதானாலும் க்யூ வண்டிக்கு வயதே கிடையாது, சலுகையும் கிடையாது.

கோயம்புத்தூரில் இருக்கும் என் மச்சானிடம் இதைச் சொன்னபோது, “கொட்டாயில பண்ணுன வண்டிக்கெல்லாம் எப்புடி மாப்ள நம்பர் குடுத்தாங்க?” என்று நம்பவே இல்லை. அவர் ஆச்சரியத்தில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரித்த கம்பெனி சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றவே கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வண்டியையே புதிதாகச் செய்கிறவனை எந்த ஆர்டிஓ உள்ளே விடுவார்?

சில வாரங்கள் கழித்து வி5சி, அதாவது லாக்புக் என்று சொல்லும் பதிவுச் சான்று, தபாலில் வந்தது. நம்பர் பிளேட்டை நினைத்த கடையில் அடித்துக்கொள்ள முடியாது. பதிவு பெற்ற கடையில் லாக்புக்கையும் லைசென்ஸையும் காட்ட வேண்டும். பைக்குக்குப் பின்னால் மட்டும்தான் பிளேட். மஞ்சள் பின்னணியில் 64 மில்லிமீட்டர் உயர எழுத்துகள். கடைக்காரர் க்யூவைப் பார்த்ததும், “கிட் காரா?” (பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டும் கார்) என்றார். பைக் என்றதும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். பிளேட் இல்லாமல் எப்படி ஓட்டி வந்திருப்பேன்? வீட்டில்தான் நிற்கிறது என்று போனில் படத்தைக் காட்டினேன்.

வரி கட்டியதற்கு ஒட்டுகிற வட்டச் சீட்டெல்லாம் 2014 அக்டோபரோடு போய்விட்டது. எல்லாம் கணினியில்தான். குளிர்காலத்தில் இங்கே ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், கையால் பாலிஷ் செய்த அலுமினியத்தை அது தின்றுவிடும். அதனால் நவம்பரில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, ரோட்டில் ஓட்டவில்லை என்று ‘சோர்ன்’ அறிவிப்பு கொடுத்துவிட்டேன். மிச்சமிருந்த முழு மாதங்களுக்கான வரி காசோலையாகத் திரும்பி வந்தது. வசந்தம் வந்ததும் லாக்புக்கில் இருக்கும் 11 இலக்க எண்ணைப் போட்டு ஆன்லைனில் மறுபடி வரி கட்டினேன். டீ போடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது.