‘டர்ன்’ வேறு, ‘ரவுண்ட்’ வேறு

பகடை உருட்டிக் கதைமாந்தர்களாக ஆடும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்தத் தொடங்கிய காலத்தில் நான் வழங்கிய ஒரு தவறான தீர்ப்பு இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. ஐந்தாம் லெவல் ரோக் (மறைந்து தாக்கும் பாத்திரம்) ஒருவர் தம் டர்னில், அதாவது தம் முறையில், கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக் செய்து முடித்திருந்தார். அவருக்கு எதிரே ஓகர் என்னும் அரக்கன். அதன் மறுபுறம், அதை ஒட்டியே, எங்கள் குழுவின் புனித வீரரான பாலடின். ஓகர் தன் டர்னில் விலகி ஓட முற்பட்டபோது, ரோக், பிறர் டர்னிலும் செயல்பட உதவும் தம் ரியாக்‌ஷனைச் செலவிட்டு ரேப்பியர் வாளை வீசினார். அடி விழுந்தது. கூடுதல் சேதத்துக்காக அவர் மூன்று ஆறுமுகப் பகடைகளைக் கையில் எடுத்தபோது, “இந்த ரவுண்டில் அதை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டீர்களே” என்று நான் தடுத்துவிட்டேன். அவர் மறுபேச்சு இல்லாமல் பகடைகளை மேசையில் வைத்தார்.

அன்றிரவு விதிநூலைத் திறந்து பார்த்தேன். 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு, ஸ்னீக் அட்டாக்கை ஒரு டர்னுக்கு ஒரு முறை பயன்படுத்தலாம் என்கிறது. ஒரு ரவுண்டுக்கு ஒரு முறை என்று சொல்லவில்லை. உங்கள் டர்னில் மட்டும் என்றும் சொல்லவில்லை. ரவுண்ட் என்பது சண்டையில் இருக்கும் எல்லோருடைய டர்னும் சேர்ந்த ஆறு விநாடி. ஓகரின் டர்ன் என்பது வேறொரு டர்ன். ஆகவே அந்த மூன்று பகடைகளும் அவருக்கு உரியவை. அடுத்த முறை கூடியபோது எல்லோர் முன்னிலையிலும் இதைச் சொல்லித் தீர்ப்பை மாற்றிக்கொண்டேன். ரியாக்‌ஷன் ஒருமுறை செலவானால் தம் அடுத்த டர்ன் தொடங்கும் வரை திரும்பக் கிடைக்காது என்பதால், இந்தச் சலுகை கட்டுக்கடங்காமல் போய்விடாது. விதியை எழுதியவர்கள் அதற்கும் சேர்த்தே எல்லை வகுத்திருக்கிறார்கள்.

அதன்பின் ஒரு திறனையோ மந்திரப் பொருளையோ படிக்கும்போது, அதன் வருணனையைவிட வினைச்சொல்லையே முதலில் தேடுகிறேன். ராட்சத வலிமை தரும் இடுப்புப்பட்டையை எடுத்துக்கொள்வோம். ஹில் ஜயன்ட் பட்டையை அணிந்தால் வலிமை 21 ஆக ‘மாறுகிறது’. 21 ‘கூடுவதில்லை’, ஏற்கெனவே இருப்பதன்மேல் எதுவும் ஏறுவதுமில்லை. வலிமை 8 உள்ளவருக்கு, பகடை எண்ணுடன் சேரும் மாடிஃபையர் −1 என்பதிலிருந்து +5-க்குத் தாவுகிறது. 16 உள்ளவருக்கு +3 என்பதிலிருந்து அதே +5-க்குத்தான் வருகிறது. இருபதாம் லெவலில் வலிமை 24-ஐ எட்டிய பார்பேரியன் என்னும் மூர்க்க வீரருக்கு அந்தப் பட்டையால் ஒரு பயனும் இல்லை; அவருக்கு 25 தரும் ஃபயர் ஜயன்ட் பட்டையாவது வேண்டும். பட்டையை அணிந்துகொண்டே லெவல் உயரும்போதெல்லாம் வலிமையில் புள்ளிகளைப் போடும் ஆட்டக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது ஆட்டத்தை நடத்துபவரின் கடமை என்றே கருதுகிறேன்.

ஒருவரை அடிப்பது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்ணான ஆர்மர் கிளாஸிலும் இதே சிக்கல்தான், ஆனால் இன்னும் நுட்பமாக வருகிறது. துறவி வீரரான மாங்க் ஒருவரின் கவசமற்ற தற்காப்பு என்பது ஒரு கணக்கிடும் முறை: பத்துடன் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), விஸ்டம் (விவேகம்) ஆகியவற்றின் மாடிஃபையர்கள். மேஜ் ஆர்மர் என்ற மந்திரமும் ஒரு கணக்கிடும் முறைதான்: பதின்மூன்றுடன் டெக்ஸ்டெரிட்டி. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஒன்றின்மேல் மற்றொன்றை அடுக்க முடியாது. பிரேசர்ஸ் ஆஃப் டிஃபென்ஸ் என்ற மந்திரக் கைக்காப்பு அப்படியில்லை. அது தருவது +2 போனஸ், எனவே மாங்க் கணக்கிட்ட 16-ன்மேல் ஏறி 18 ஆகிறது. ஆனால் கவசமும் கேடயமும் இல்லாதபோதுதான் அது வேலை செய்யும். கேடயம் ஏந்தும் பார்பேரியன் அதற்காகக் கேடயத்தைக் கீழே வைத்தால் +2 போய் +2 வரும். லாபம் என்பது கை ஒன்று காலியாவது மட்டுமே.

இரண்டு விதிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் வாசிப்பு உண்மையில் சுவைக்கிறது. கிளோக் ஆஃப் டிஸ்ப்ளேஸ்மென்ட் என்ற மேலங்கி அணிந்த எதிரியைத் தாக்குவோருக்கு டிஸ்அட்வான்டேஜ் உண்டு, அதாவது பகடையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணைக் கொள்ள வேண்டும். ரோக்கின் கூட்டாளி அந்த எதிரியின் பக்கத்திலேயே நின்றாலும், டிஸ்அட்வான்டேஜ் இருக்கும்வரை ஸ்னீக் அட்டாக் கிடையாது. ரோக் ஒளிந்திருந்து தாக்கினால் அதற்கு நேர்மாறான அட்வான்டேஜும் சேர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால் இரண்டுமே இல்லாத நிலை உண்டாகிறது. அப்போது கூட்டாளி அருகில் நிற்பதே போதும், ஸ்னீக் அட்டாக் செல்லும். மேலும், அணிந்தவருக்குச் சேதம் விழுந்துவிட்டால், அவருடைய அடுத்த டர்ன் தொடங்கும் வரை மேலங்கி செயலற்றுப் போகிறது. பாலடின் முதலில் அடிப்பதா, ரோக் முதலில் அடிப்பதா என்ற யோசனை ஒரு வாக்கியத்திலிருந்தே பிறக்கிறது.

பதிப்பைச் சொல்லாமல் இப்படிப் பேசுவது ஆபத்து. 2014 பதிப்பில் டிவைன் ஸ்மைட் என்பது அடி விழுந்தபின் ஸ்பெல் ஸ்லாட்டை (மந்திரம் போடும் வாய்ப்பை) செலவிடும் பாலடின் வகுப்புத் திறன். 2024 பதிப்பில் அது ஒரு மந்திரம், டர்னில் ஒருமுறை மட்டுமே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனும் கேட்கும். பழைய பதிப்புக்குச் சரியான பதில் புதிய பதிப்புக்குத் தவறாகிவிடும்.

சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போக முடியாத இடமும் உண்டு. அதே மேலங்கி ஒரு மாயத்தோற்றத்தை உண்டாக்குகிறது என்று நூல் சொல்கிறது. அப்படியென்றால், கண்ணே இல்லாமல், பார்வையின்றிச் சுற்றுப்புறத்தை அறியும் பிளைண்ட்சைட்டால் உணரும் கிரிம்லாக் என்னும் பிராணி எப்படி ஏமாறும்? ப்ளர் என்ற மந்திரத்தில், பார்வையை நம்பாத எதிரிக்கு இது செல்லாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். மேலங்கியில் அந்த வரி இல்லை. எந்தப் பிராணிக்கும் டிஸ்அட்வான்டேஜ் என்றுதான் இருக்கிறது. ஓரிடத்தில் விலக்கை எழுதத் தெரிந்தவர்கள் இன்னோரிடத்தில் எழுதாமல் விட்டிருந்தால், அந்த மௌனத்துக்கும் பொருள் உண்டு என்பது என் வாசிப்பு. கதையின்படி அது நெருடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், மூன்று மந்திரப் பொருள்களை மட்டுமே அட்யூன் செய்ய (தம்மோடு பிணைத்துக்கொள்ள) முடிகிற நிலையில் ஆட்டக்காரர் ஓர் இடத்தை அந்த மேலங்கிக்காக ஒதுக்கியிருக்கிறார். நூலில் இல்லாத ஒரு விலக்கைச் சண்டையின் நடுவில் உருவாக்கி அவரிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த வாரம் எங்கள் குழு குகைக்குள் இறங்குகிறது. அங்கே கிரிம்லாக்குகள் இருக்கின்றன. அவற்றுக்கும் டிஸ்அட்வான்டேஜ்தான் என்று மேலங்கிக்காரரிடம் இப்போதே எழுதிச் சொல்லிவிட்டேன்.