கையுறைக்குள் ஒரு துளி ரத்தம்

மருத்துவமனை வேலையில், நோயாளிக்குப் போட்ட ஊசி தன் கையில் குத்தியது பல பேருக்கு அந்த நொடியில் தெரிவதில்லை. கையுறையைக் கழற்றும்போதுதான் ஆட்காட்டி விரல் நுனியில், ரப்பரின் உள்பக்கமாக, கடுகளவு சிவப்பு தெரிகிறது. விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தோலில் ஒரு புள்ளி. அழுத்தினால் மறுபடியும் ஒரு துளி. அது தன் ரத்தமா, நோயாளியின் ரத்தமா, எச்.ஐ.வி. வந்துவிடுமா என்ற கேள்வி எழும்போதே வயிற்றுக்குள் குளிர் பரவிவிடும்.

அடுத்த ஒரு நிமிடத்தில் செய்யக்கூடாததைத்தான் பெரும்பாலும் செய்கிறோம். விரலைப் பிழிவோம், ஸ்பிரிட்டை ஊற்றுவோம், பிளீச்சிங் கரைசலில் முக்குவோம். சிலருக்குப் பழக்க தோஷத்தில் விரல் வாய்க்கே போய்விடும். பிழிந்தால் சுற்றியுள்ள சதை நசுங்கிக் காயம் பெரிதாகும், உள்ளே போனது வெளியே வராது. ஸ்பிரிட்டும் பிளீச்சும் தோலைப் புண்ணாக்கும். வாயில் வைத்தால் விரலில் இருந்த ஆபத்தை வாயின் மென்சவ்வுக்கும் கொண்டுபோகிறோம். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சாதாரண சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும். கண்ணில் ரத்தம் தெறித்தால் தண்ணீரோ சலைனோ விட்டுக் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் அதைக் கழற்றாமல் முதலில் கழுவி, பிறகு கழற்றி மறுபடியும் கழுவ வேண்டும். சோப்பை லென்ஸுக்கோ கண்ணுக்கோ கொண்டுபோகக் கூடாது.

கழுவி முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இனி எல்லாக் கணக்கும் அந்த நேரத்திலிருந்துதான்.

எச்.ஐ.வி. தொற்றாமல் காக்கும் தடுப்பு மருந்தின் முதல் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் விழுங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்துவிட்டால் அதைத் தொடங்குவதில் பயனில்லை. தோலுக்குள் நுழைந்த வைரஸ் உடனே உடல் முழுக்கப் பரவிவிடுவதில்லை. முதலில் அங்கேயே சில செல்களில் ஒட்டிக்கொண்டு, அவற்றோடு பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போய், அதன் பிறகே ரத்தத்தில் பெருகுகிறது. இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகிறது. அந்த இடைவெளிக்குள் மருந்து அங்கே நிற்க வேண்டும். இத்தனை தெரிந்தும் முதல் மணி நேரம் எதில் போகிறது? "சூப்பர்வைசர்கிட்ட எப்படிங்க சொல்றது?", "நோயாளி ரிசல்ட் வரட்டும் பாப்போம்", "டியூட்டி முடியட்டும்" என்பதிலேயே போய்விடுகிறது. பயந்தவர்தான் முதலில் ஓடுவார் என்று நினைப்போம். ஆனால் மிகவும் பயந்தவர்தான் மறைக்கிறார். திட்டு விழும் என்ற பயம், வேலை போகும் என்ற பயம், அதற்கும் மேலே வீட்டில் என்ன சொல்வது என்ற பயம்.

குப்பைப் பையைக் கட்டும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களை இதில் தனியாகச் சொல்லியாக வேண்டும். ரத்தம் எடுக்கும் டெக்னீஷியனுக்காவது எந்த நோயாளியின் ஊசி என்று தெரியும். சிவப்புப் பையைத் தூக்கும்போது தொடையில் குத்திய ஊசி யாருடையது என்று அந்த அக்காவுக்கு எப்படித் தெரியும்? சிவப்புப் பை பிளாஸ்டிக் குழாய்களுக்கும் ஊசி நீக்கிய சிரிஞ்சுகளுக்கும் உரியது. ஊசி போக வேண்டிய இடம், துளைக்க முடியாத, ஒளி ஊடுருவும் வெள்ளை டப்பா. 2016இன் உயிர் மருத்துவக் கழிவு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. டப்பா முக்கால் பங்கு நிறைந்ததுமே மூடி அனுப்ப வேண்டும். முழுக்க நிறையட்டும் என்று காத்திருந்தால், திணிக்கும் கையில்தான் அடுத்த ஊசி குத்தும். கேனுலா போட்டுவிட்டு அதன் உள்ளிருந்து உருவிய ஊசியை (ஸ்டைலெட்) படுக்கையில் வைத்துவிட்டுப் பிளாஸ்டரைத் தேடுவது, ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடுவது, இன்சுலின் ஊசியைச் சட்டைப் பையில் வைப்பது ஆகியவையே மற்ற காரணங்கள். மூடியை மாட்டியே ஆக வேண்டும் என்றால் மூடியைத் தட்டில் வைத்து, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து எடுக்க வேண்டும். மற்ற கை பக்கத்திலேயே வரக்கூடாது.

ஆபத்து எவ்வளவு என்று எண்ணில் சொன்னால் பலருக்கு மூச்சு திரும்பும். எச்.ஐ.வி. உள்ள, சிகிச்சை எடுக்காத ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வர வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஆயிரம் முறை குத்தினால் மூன்று பேருக்கு. கண்ணிலோ வாயிலோ ரத்தம் பட்டால் சுமார் 0.09 சதவீதம். காயமில்லாத தோலில் பட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் எல்லாக் குத்தும் ஒன்றல்ல. ஆழமாக இறங்கிய ஊசி, கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் ஒட்டிய ஊசி, நோயாளியின் ரத்தக்குழாயிலிருந்து நேரே எடுத்த, உள்ளே துளையுள்ள ஊசி, முற்றிய நிலையில் உள்ள நோயாளி, இந்த நான்கும் ஆபத்தைக் கூட்டும் என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் ஜிடோவுடின் என்ற ஒரே மருந்தை எடுத்துக்கொண்டவர்களுக்குத் தொற்று வாய்ப்பு 81 சதவீதம் குறைந்திருந்தது. இன்று மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரை நம் கையில் இருக்கிறது. தையல் ஊசிக்கு உள்ளே துளை இல்லை, அதனால் அது கொண்டுபோகும் ரத்தமும் குறைவு. நோயாளி எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தை ஒழுங்காக எடுத்து, வைரஸ் எண்ணிக்கை கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் ஆபத்து இன்னும் இறங்கும். அப்போதும் மருந்தை வேண்டாம் என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

முதல் நாள் எடுக்கும் ரத்தப் பரிசோதனை தரும் பொய்யான நிம்மதி பெரிய சிக்கல். குத்திய அன்றே ரத்தம் கொடுத்து 'நெகட்டிவ்' என்று வந்ததும், "எதுவும் இல்லைன்னு வந்துடுச்சுங்க, மாத்திரை வேண்டாம்" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பரிசோதனை இன்றைய ஊசியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. குத்துவதற்கு முன்பு உங்கள் உடல்நிலை என்ன என்பதற்கான பதிவு அது. பின்னாளில் பணியிடத்தில்தான் தொற்று வந்தது என்று நிரூபிக்க வேண்டி வந்தால் அந்தத் தாள்தான் ஆதாரம். இன்றைய ஊசி பற்றிக் கேட்கும் பரிசோதனைகள் 6ஆவது வாரம், 3ஆவது மாதம், 6ஆவது மாதம் என்று பிறகு வரும். எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தில் கையில் கிடைக்கும் விரைவுப் பரிசோதனை, உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது உண்டாகச் சில வாரங்கள் வேண்டும், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். இடையில் வாரந்தோறும் தனியார் லேபுக்குப் போய்க் காசைக் கொட்டினாலும் பதில் முந்தி வராது.

விரைவுப் பரிசோதனை அட்டையை அருகில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். சொட்டு விட்டதும் இளஞ்சிவப்பு நீர் மெல்ல ஏறுகிறது. அட்டை சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் கன்ட்ரோல் கோடு மட்டும் வந்தால் நெகட்டிவ். கன்ட்ரோல் கோடே வராவிட்டால் அந்த அட்டை செல்லாது, புது அட்டை எடுக்க வேண்டும். கிட்டில் குறித்த நிமிடத்தில் படிக்க வேண்டும். அதைத் தாண்டி, காய்ந்துபோன அட்டையைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் சில நேரம் மங்கலாக ஒரு நிழல் தெரியும், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. முதல் கிட்டில் ரியாக்டிவ் (தொற்று இருக்கலாம்) என்று வந்தாலும் அதை வைத்து யாருக்கும் பாசிட்டிவ் சொல்லமாட்டார்கள், வேறு இரண்டு கிட்டுகளிலும் பார்த்த பிறகே சொல்வார்கள்.

மாத்திரை தினமும் ஒன்று, 28 நாள். டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் ஒரே மாத்திரையில். குமட்டல், தலைவலி, தூக்கமின்மை வரலாம். தூக்கம் கெட்டால் காலையில் போடும்படி மாற்றிக்கொள்ளலாம். அல்சர் மருந்தாக விற்கும் ஆன்டாசிட், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் டோலுடெக்ராவிரை உடல் ஏற்பதைத் தடுக்கும். அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ இதைப் போட வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் காசநோய் மருந்து எடுப்பவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அளவை மாற்ற வேண்டியிருக்கும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துக்கொள்வார்கள். ஹெபடைட்டிஸ் பி ஏற்கெனவே உள்ளவர் இந்த மருந்தைத் தானாக நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திடீரென மூளலாம், அதனால் அந்தப் பரிசோதனையும் முதல் நாளே எடுக்கப்படுகிறது.

ஹெபடைட்டிஸ் பி பற்றி யாரும் இரவில் விழித்திருந்து அழுவதில்லை என்பதே எனக்கு வருத்தம். தடுப்பூசி போடாதவருக்கு அது ஊசி வழியாக வர வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம், எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு. காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கக்கூடிய வைரஸ் அது. அதற்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது, 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. இரண்டு போட்டுவிட்டு மூன்றாவதை மறந்தவர்கள் எந்த லேபிலும் இருக்கிறார்கள். மூன்றும் போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவு 10 mIU/mL-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தவர்கள் அதிலும் குறைவு. எதிர்ப்பொருள் இல்லாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி உள்ள நோயாளியின் ஊசி குத்தினால், தயார் நிலையிலுள்ள எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியும் கூடிய விரைவில், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பு மருந்து இல்லை. ஆனால் வந்தால் குணப்படுத்தும் மாத்திரைகள் இருக்கின்றன, 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அவை இலவசம்.

பயம் பெரும்பாலும் இரண்டாவது வாரம் தொடங்குகிறது. தொண்டை கரகரத்தால், உடம்பு சுட்டால், கையில் ஒரு தடிப்பு வந்தால் "வந்துடுச்சு" என்று தோன்றும். ஆரம்ப எச்.ஐ.வி.யிலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல் வரும் என்பது உண்மைதான், ஆனால் அது மழைக்காலத்துச் சாதாரணக் காய்ச்சலைப் போலவே இருக்கும். அறிகுறியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இந்த நாட்களில் வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தையை முத்தமிடலாம், வழக்கம்போல டியூட்டி பார்க்கலாம். பரிசோதனைகள் முடியும் வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும், ரத்த தானம் செய்யக் கூடாது, கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர் மருத்துவரிடம் பேச வேண்டும். தூக்கமே வராமல், வேலையில் மனம் ஒட்டாமல் போனால் அதையும் சொல்லுங்கள். நம்பிக்கை மையத்து ஆலோசகர் உங்கள் பயத்தைக் கேட்கவும் அங்கே இருக்கிறார். 1097 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பேசலாம்.

நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதிப்பதில் நாம் அவசரத்தில் தவறு செய்கிறோம். லேபில் மிச்சமிருக்கும் டியூபை எடுத்து, அவருக்குத் தெரியாமல் பார்த்துவிடலாம் என்று கை நீளும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் ஒப்புதல் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது என்கிறது. "எங்க சிஸ்டருக்கு ஊசி குத்திடுச்சுங்க, உங்க ரத்தம் ஒருதடவை பாக்கணும், சம்மதமா?" என்று அமைதியாகக் கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. பதில் வரும் வரை முதல் மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டாம். அவர் நெகட்டிவ் என்றும் அண்மையில் அவருக்கு ஆபத்தான தொடர்பு இல்லை என்றும் உறுதியானால் மருத்துவர் மருந்தை நிறுத்துவார். அதே சட்டம், பணியில் இந்த ஆபத்து உள்ள எல்லோருக்கும் பாதுகாப்புக் கருவியும் பயிற்சியும் தடுப்பு மருந்தும் தரும் பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைக்கிறது. 'எல்லோரும்' என்பதில் ஒப்பந்தத் தொழிலாளியும் அடக்கம்.

முதல் மாத்திரை எங்கே கிடைக்கும் என்பதற்குச் சேலத்தையே எடுத்துக்கொள்வோம். நகரத்துக்குள் இருப்பவருக்கு மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையும் அதன் ஏ.ஆர்.டி. மையமும் பக்கம். மையம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் இரவிலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். மலைமேல் கதை வேறு. ஏற்காட்டிலிருந்து சேலம் 30 கிலோமீட்டர், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காப்பி பறிக்கும் நாட்களில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் முகாமில் ரத்தம் எடுக்கப் போன செவிலியருக்கு மாலை ஐந்து மணிக்கு ஊசி குத்தினால், பனிமூட்டத்தில் பாதை இறங்கிச் சேரும்போதே இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். மழையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். ஆகவே முதல் மாத்திரை மலைமேலேயே இருக்க வேண்டும். 30 மாத்திரை கொண்ட ஒரே ஒரு டப்பா போதும், 28 நாள் போக இரண்டு மிஞ்சும். காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை பார்த்து, தீரப்போவதைப் புழக்கமுள்ள இடத்துக்கு அனுப்பிவிட்டுப் புதியதை வாங்கி வைக்கலாம். அலமாரிச் சாவி ஃபார்மசிஸ்ட் வீட்டில் தொங்கக் கூடாது. இரவு டியூட்டி செவிலியரின் கையில் இருக்க வேண்டும்.