பொத்துவில் வரையான கடற்பரப்புகளில்

இலங்கை வானொலியில் வானிலை அறிக்கை கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு தொடர் மறக்காது. ஹம்பாந்தோட்டையிலிருந்து பொத்துவில் வரையான கடற்பரப்புகளில் காற்று இவ்வளவு வேகம், கடல் இடைக்கிடை கொந்தளிக்கும் என்று அது போகும். நான் பொத்துவிலுக்கு வடக்கே கோமாரியில் பிறந்தவள். எங்கள் பக்கத்துப் பேரைக் கொழும்பிலிருந்து ஒருவர் வாசிப்பது சின்ன வயதில் பெரிய விஷயம். கலியாணம் முடித்து மதுரை திருநகருக்கு வந்த பிறகும், விடிந்ததும் போனில் முதலில் திறப்பது அந்தக் கடலைத்தான். பால்காரர் மணி அடிப்பதற்குள் அலை, காற்று, கடல் வற்றி ஏறும் வற்றுப்பெருக்கு மூன்றையும் பார்த்து முடித்துவிடுவேன்.

காரணம் என் தம்பி. அவன் உல்லையில், வெளிநாட்டுக்காரர் அறுகம்பே என்று தேடி வரும் இடத்தில், அலைச்சறுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். சித்திரைக் கடைசியில் தொடங்கி ஐப்பசி வரைக்கும்தான் அவனுக்கு உழைப்பு. மாரி பிறந்தால் கடல் கலங்கிவிடும், பலகையைத் தூக்கிக்கொண்டு தென்கரை வெலிகமைக்குப் போய்விடுவான். கரையில் நிற்கிறவனுக்கு நாளைய கடல் தெரியும். ஐந்து நாள் தள்ளி வரப்போவது தெரிய வேண்டுமென்றால் உட்கார்ந்து வரைபடம் பார்க்க வேண்டும். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்து வருகிறவனுக்கு அதற்குப் பொறுமை இல்லை. எனக்கு இருக்கிறது. இரவில் அவன் கேட்பான், “அக்கா, வெள்ளி பெரிசா வருமா? புதுசாப் பழகுற பிள்ளையள் இரிக்காங்க.” நான் சொல்வேன்.

மதுரைக்கு வந்த புதிதில் நடந்த காகித வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிநாட்டவர் பதிவு, விசா நீட்டிப்பு, வங்கிக் கணக்கு என்று ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனோம், முடிந்தது. கடையில் வாயைத் திறந்தால் “கேரளாவாம்மா?” என்று கேட்பார்கள், இலங்கை என்று சொன்னால் உடனே குரல் இளகும். மீன்தான் கஷ்டம். ராமேஸ்வரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பெட்டியில் வருவதைத்தான் இங்கே வாங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம், அப்போது நல்ல மீனும் அரிது. உல்லையில் அலை தொடங்குகிற அதே நாட்கள் அவை. அந்த இரண்டு மாதமும் எனக்கு ஊர் நினைவு கூடுதலாக வரும்.

ஆனால் இந்த வீட்டில் எனக்கு முன்பே ஒருவர் தினமும் தண்ணீர்க் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மாமனார். மேலூர்ப் பக்கம் அவருக்கு வயல் உண்டு, பெரியாறு பாசனத்தின் கடைமடை. காலைப் பேப்பரை விரித்தால் அரசியல் பிறகு, முதலில் அணை நீர்மட்டம்தான். வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடி தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5க்கு இரண்டாவது, 69க்கு மூன்றாவது. பெரியாறு அணையில் தேக்க அனுமதி 142 அடி. இந்த எண்களை அவர் வாயால் கேட்டே நான் படித்தேன். “ஏம்மா, கண்ணாடிய அங்கிட்டு வச்சுட்டேன், பெரியாறு எத்தன அடின்னு பாரு” என்பார். நான் பார்த்துச் சொல்லிவிட்டு என் கடலைப் பார்ப்பேன். சில நாட்களுக்குப் பிறகு அவரே கேட்கத் தொடங்கினார், “ஒங்க தம்பிக்கு இன்னைக்கு எத்தன அடி?” உல்லையிலும் பலகைக்காரர் அலையை அடியில்தான் அளப்பார்கள் என்று சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு ஊருக்கும் மழைக்கணக்கு ஒன்று என்பது எனக்கு உறைத்தது அந்த வீட்டு முற்றத்தில்தான். ஆடியில் மண்ணை வாரிக்கொண்டு மேல்காற்று அடிக்கும். துவைத்த துணியைக் கொடியில் நிறுத்த முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைக் கேரளத்துப் பக்கம் மலையில் கொட்டிவிட்டு, வறண்டு இறங்கி வருவதுதான் இது. எங்கள் ஊரிலும் அப்படியே. அந்த மாதங்களில் இலங்கையின் மேற்குச் சரிவில் மழை பெய்யும், மத்திய மலை தாண்டி எங்கள் பக்கம் வருவது கச்சான், காய்ந்த சூட்டுக் காற்று. மதுரையில் வீசுவதும் உல்லையில் வீசுவதும் அதே காற்று இல்லைதான். ஆனால் ஒரே பருவக்காற்றோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் போகிறவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு திரும்பினால் இரண்டு இடத்துக்கும் ஒன்றாகவே மழை. நேர்கோட்டில் பார்த்தால் இடையில் 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

இங்கே கண்ணில் மண் போடுகிற பருவக்காற்றுதான் அங்கே அலையைத் திருத்துகிறது. உல்லை கிழக்கே பார்த்த கரை. மேற்கிலிருந்து வரும் காற்று நிலத்தில் இருந்து கடலுக்கு அடிக்கும், எழுந்து வரும் அலையின் முகத்தை எதிரே நின்று தாங்கும். அலை அவசரப்பட்டு உடையாமல், சுவர் மாதிரி நிமிர்ந்து, ஓர் ஓரத்திலிருந்து வரிசையாக உடைந்துகொண்டு போகும். கடலிலிருந்து கரைக்குக் காற்று அடித்தால் அந்த ஒழுங்கு போய்விடும், மேற்பரப்பெல்லாம் சிறு நுரை. அதனால்தான் விடியற்காலை முக்கியம். வெயில் ஏறி நிலம் கொதித்தபின் கடற்காற்று குறுக்கே வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடலாம். திருநகரில் விடியும்போதே மரம் ஆடுகிறதென்றால் தம்பிக்கு நல்ல நாள் என்று எனக்கு ஒரு கணிப்பு. விஞ்ஞானமாக அது நிற்காது, ஆடி மாதத்தில் பெரும்பாலும் பலிக்கிறது.

காற்று நம்முடையது, அலை நம்முடையது இல்லை. இதை மாமாவுக்கு விளக்க எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. உல்லையில் உடைகிற நல்ல அலை வங்கக் கடலில் பிறப்பதில்லை. தெற்கே, தென் அகலாங்கு 40 பாகைக்கும் கீழே, நிலமே குறுக்கிடாத பெருங்கடலில் புயல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அங்கே அடிக்கும் காற்று எழுப்பும் அலை 5,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடி எங்கள் கரைக்கு வருகிறது. எல்லா அலையும் ஒரே வேகத்தில் வராது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே 18 செக்கன் இடைவெளி உள்ள அலைக்கூட்டம் ஏறக்குறைய 5 நாளில் வந்து சேரும். 12 செக்கன் கூட்டத்துக்கு 7 நாள் வேண்டும். ஆகவே வரைபடத்தில் உயரம் அரை மீட்டரே இருந்தாலும் இடைவெளி திடீரென்று 17, 18 என்று காட்டினால் நான் நிமிர்ந்து உட்காருவேன். அது முன்னோடி. பின்னால் பெரியது வருகிறது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் உயரத்தை மட்டும் பார்ப்பார்கள். என் அபிப்பிராயத்தில் உயரம் மூன்றாவதுதான், முதலில் இடைவெளி, அடுத்தது திசை. ஆழ்கடலில் 15 செக்கன் அலையின் நீளம் 350 மீட்டர். அந்த நீளத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததுமே அலை அடித்தரையை உணரத் தொடங்கும், தரையின் அமைப்புக்கு ஏற்ப வளையும். உல்லைக்கு இது உயிர்நாடி, ஏனென்றால் அங்கே மெயின் பாயின்ட் என்கிற இடம் குடாவின் தெற்கு முனைக்கு உள்ளே ஒதுங்கியிருக்கிறது. தெற்கிலிருந்து வரும் அலை முனையைச் சுற்றித் திரும்பினால்தான் அங்கே உடையும். 2 மீட்டர், 16 செக்கன் என்றால் வளைந்து வரும். அதே 2 மீட்டர் 9 செக்கன் என்றால் பெரும்பகுதி முனையைத் தாண்டி வடக்கே போய்விடும், தம்பி வெறும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். திரும்பி வந்த அலை முருகைக்கல் என்னும் பவளத் திட்டிலும் பாறையிலும் ஏறி, சறுக்குகிறவருக்கு வலப்பக்கமாக, குடாவுக்குள்ளே நெடுந்தூரம் உடைந்துகொண்டே போகும். 2019இல் உலக அலைச்சறுக்குப் போட்டி ஒன்று அங்கே நடந்ததும் இந்த ஓட்டத்துக்காகத்தான்.

கல்லின் மேல் எவ்வளவு தண்ணீர் என்பது கடைசிக் கணக்கு. எங்கள் பக்கத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. அது ஒன்றுமில்லை என்று நினைப்பவர் முருகைக்கல்லில் முழங்கால் கிழிந்ததும் தெரிந்துகொள்வார். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டித்தான் வற்று ஆழமாக இருக்கும். சித்ரா பௌர்ணமிக்கு அழகர் வைகையில் இறங்கும்போது மதுரையே ஆற்றில் நிற்கும், நானும் குடும்பத்தோடு போய் நிற்பேன். அன்று தம்பிக்கு ஒரு செய்தி போகும்: வற்று நேரத்தில் பழகுநரை மெயின் பாயின்ட் பக்கம் கொண்டுபோகாதே, மணல் அடித்தரை உள்ள குடாவுக்குள் வைத்துப் பழக்கு. “தெரியும் அக்கா” என்று பதில் வரும். அவனுக்குத் தெரியும்தான். சொல்லாமல் எனக்கு இருக்க முடியாது.

மாமியாரை நான் அத்தை என்பேன், அவருக்குக் கடல் என்றாலே 2004 டிசம்பர் 26தான். உல்லையும் அன்று அழிந்த இடம், எங்கள் உறவிலும் இழப்பு உண்டு. “கடல நம்பக் கூடாது ஆத்தா, ஒங்க தம்பிய வேற வேல பாக்கச் சொல்லு” என்று அடிக்கடி சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் மறுத்துப் பேசுவதில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். அன்று வந்தது கடலடி நிலம் அசைந்ததால் வந்தது, எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட முன்னே சொல்ல ஆள் இருக்கவில்லை. காற்றில் பிறந்த அலை ஐந்தாறு நாள் முன்னதாகவே தெரிந்துவிடும், பார்க்க ஆள் இருந்தால் போதும். அத்தைக்கு இது முழுதாக ஒப்பவில்லை. ஆனால் ராமநாதபுரத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருக்கும் பாட்டி ஒரு நாள் 1978 புயலைப் பற்றிப் பேசினார். எங்கள் அம்மம்மா சொல்லிச் சொல்லி நான் வளர்ந்த அதே புயல். நவம்பர் 23இல் மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டுவிட்டு, மறுநாள் கீழக்கரைப் பக்கம் கரையேறியது. பாட்டியின் வீட்டுக் கூரை போன கதையும் அம்மம்மாவின் தென்னந்தோப்பு படுத்த கதையும் ஒரே இரவும் பகலும் நடந்தவை. அன்றிலிருந்து அத்தை என்னிடம் வானிலை கேட்கத் தொடங்கினார்.

இப்போது கேட்பது வீட்டார் மட்டுமில்லை. மதுரைக்காரர்கள் கடலுக்குப் போவது வருடத்தில் சில தடவை, திருச்செந்தூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று வேனில் போய் ஒரு குளியல் போட்டுத் திரும்புவார்கள். கடலின் குணம் தெரியாமல் இறங்குவது அங்கேதான். தென்பெருங்கடலிலிருந்து வரும் அதே நீண்ட அலை கேரளத்திலும் குமரிக் கரையிலும் ஏறும்போது, உள்ளூரில் காற்றே இல்லாத தெளிந்த நாளில் கடல் திடீரென்று கரையை மூடும். கள்ளக்கடல் என்று மலையாள மீனவர் வைத்த பேரை 2012இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கென்றே அறிவிப்பு விடுகிறது, அலையின் உயரமும் இடைவெளியும் அதில் இருக்கும். அந்தச் செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை. என் தம்பி நல்ல அலை என்று காத்திருக்கும் அலைதான் இது. உல்லையில் அதற்கு ஆள் தயாராக இருக்கிறார்கள், எங்கே இறங்குவது, எங்கே கரையேறுவது என்று தெரியும். சுற்றுலா வந்த பிள்ளைகளுக்குப் பாறை மேல் நிற்பது ஆபத்து என்று யார் சொல்வது?

அதனால் எங்கள் தெருவில் யார் தெற்கே புறப்பட்டாலும் நானே கேட்டு நாளைச் சொல்கிறேன். ஆடியில் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பொத்துவில் தாண்டி உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்குவார்கள். அவர்களுக்கு உல்லைக் கரையில் தம்பி தண்ணீர் கொடுப்பான், கடலில் எங்கே குளிக்கலாம் என்றும் காட்டுவான். திருப்பரங்குன்றம் கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்க்கும்போது, இந்தப் பக்கம் அந்த வேலை எனக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தக் கிழமைக்கு நான் எழுதி அனுப்பியது இது. புதன் இரவு முன்னோடி அலை, உயரம் அரை மீட்டர், இடைவெளி 17 செக்கன், பார்த்தால் ஒன்றும் தெரியாது. வியாழன் பின்னேரம் ஏறும். வெள்ளியும் சனியும் உச்சம், 15 செக்கன், திசை தெற்கு. காற்று விடியலில் மேற்கு, இலேசு. தம்பிக்கு: பழகினவர்களோடு 6 மணிக்கே மெயின் பாயின்ட், புதியவர்களுக்கு ஞாயிறு வரை குடாவுக்குள் மட்டும். கன்னியாகுமரிக்கு வேன் பிடித்திருக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கு: வெள்ளி, சனி, ஞாயிறு பாறைப் பக்கம் யாரும் இறங்க வேண்டாம், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் பயணத்தைச் செவ்வாய்க்குத் தள்ளுங்கள். வேன்காரரிடம் பேசியாகிவிட்டது, செவ்வாய் புறப்படுகிறார்கள்.