மாந்தோவாவின் பூசணித் தொர்த்தெல்லி: வீட்டில் செய்து பார்த்த அனுபவம்

பூரணம் வைத்த பாஸ்தாவை வீட்டில் செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் மாவைத் தேய்ப்பதற்கே அஞ்சுகிறார்கள். வட இத்தாலியின் மாந்தோவா நகரத்துப் பூசணித் தொர்த்தெல்லியைத் தொடக்கம் முதல் கையாலேயே செய்து பார்த்த பிறகு, அஞ்ச வேண்டியது ஈரத்துக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மாவில் ஈரம் இருந்தால்தான் ஓரங்கள் ஒட்டும். பூரணத்தில் ஈரம் இருந்தாலோ, அது மெல்லிய மாவை உள்ளிருந்தே ஊறவைத்து, கொதிநீரில் இட்டதும் பிளந்துபோகச் செய்துவிடும். இவ்விரண்டையும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் கட்டுக்குள் வைத்திருப்பதில்தான் இந்த வேலையின் பாடு முழுவதும் இருக்கிறது.

வேலையின் பொருட்டு இப்பகுதியில் குடியிருக்கும் எனக்கு முதலில் நினைவில் எழுந்தது பொலோஞா நகரத்துத் தொர்த்தெல்லினிதான். ஆனால் 1974 டிசம்பரில் அந்நகர வணிகக் கழகத்தில் பதிவு செய்யப்பட்ட செய்முறையின்படி, அதன் பூரணம் பன்றி இறைச்சி, உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை, மோர்த்ததெல்லா என்னும் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி ஆகியவற்றால் ஆனது. முட்டையை விலக்காவிட்டாலும் இறைச்சி உண்ணாத எங்கள் வீட்டுக்கு அது ஒத்துவராது. மாந்தோவாவில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் இறைச்சியைத் தவிர்க்கும் கத்தோலிக்க வழக்கத்தையொட்டிப் பூசணித் தொர்த்தெல்லி பரிமாறப்படுகிறது. பூசணி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து ஒரு நூற்றாண்டு நிறைவதற்குள்ளேயே இவ்வகை உணவு ஏட்டில் ஏறிவிட்டது; ஃபெர்ராரா நகரை ஆண்ட எஸ்தே குடும்பத்தில் விருந்துகளை நடத்தும் பொறுப்பிலிருந்த ஜொவான் பத்திஸ்தா ரொஸ்ஸெத்தி 1584-இல் வெளியிட்ட நூலில் வெண்ணெயோடு பரிமாறும் பூசணித் தொர்த்தெல்லியைக் குறிப்பிடுகிறார். ஃபெர்ராராவில் இன்று அதற்குக் கப்பெல்லாச்சி என்று பெயர். 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் பெற்றது. அங்கே பூரணம் பூசணி, பாலாடைக்கட்டி, ஜாதிக்காய் என்று எளிமையாக நின்றுவிடுகிறது. மாந்தோவாவில் அதோடு அமரெத்தி என்னும் கசப்புப் பாதாம் சுவையுள்ள மொறுமொறுப்பான பிஸ்கட்டும், மொஸ்தார்தா என்னும் காரமான பழப்பாகும் சேர்கின்றன. நான் மாந்தோவா முறையைத் தேர்ந்ததற்குச் சுவை ஒரு காரணம். உலர்ந்த அமரெத்தித் தூள் பூசணியின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பது இன்னொரு காரணம்.

பூசணியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. நம் ஊர்ப் பரங்கிக்காயில் நீர் அதிகம். இங்கே இதற்கென்று வாங்குவது கரும்பச்சைத் தோலும் அடர்ந்த ஆரஞ்சு நிறச் சதையும் கொண்ட தெலிக்கா போன்ற, வெந்தால் மாவாக உதிரும் வகைகள். அளவுக்கு மீறிய கனமும், உலர்ந்து தக்கையாகிவிட்ட காம்பும் நல்ல காய்க்கு அடையாளம். அறுவடைக்குப் பின் சில வாரங்கள் கிடந்த காயில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிச் சுவை கூடியிருக்கும் என்பதால், புதிதாகப் பறித்ததைவிடப் பழையதே மேல். விதை நீக்கிய ஒன்றரை கிலோ காயைத் தோலோடு தடித்த துண்டுகளாக அரிந்து, 180 டிகிரியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மூடாமல் சுட்டேன். வேகவைத்தால் சதை தண்ணீரைக் குடித்துவிடும். சுட்டால் தன்னிடம் உள்ளதையும் இழக்கும். சதையைக் கரண்டியால் வழித்து, உருளைக்கிழங்கு மசிக்கும் கருவியால் பிழிந்து, துணி விரித்த சல்லடையில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுதும் வைத்தேன். காலையில் கீழே தேங்கியிருந்த நீரைப் பார்த்தபோது, இந்தப் படியைத் தவிர்க்கலாம் என்று சொல்லும் செய்முறைகளின் மீது எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது.

மசித்த பூசணியோடு 150 கிராம் அமரெத்தித் தூள், 120 கிராம் மொஸ்தார்தா, 150 கிராம் துருவிய பாலாடைக்கட்டி, ஜாதிக்காய், சிறிது உப்பு ஆகியவற்றைக் கலந்தேன். மொஸ்தார்தாவைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். பக்கத்துக் கிரெமோனா நகரில் பல பழங்களை முழுதாகவே பாகில் இட்டுச் செய்வார்கள். மாந்தோவாவில் ஆப்பிளையோ சீமை மாதுளை எனப்படும் குயின்ஸ் பழத்தையோ மட்டும் மெல்லியதாக அரிந்து செய்கிறார்கள். இரண்டிலும் காரம் கடுகுச் சாறின் சில துளிகளால் வருகிறது. அந்தச் சாறு மிகக் கடுமையானது என்பதால் மருந்துக் கடையில்தான் வாங்குவார்கள், திறக்கும்போது கண்ணையும் மூக்கையும் தள்ளி வைத்துக்கொள்வார்கள். நான் அந்த விஷப்பரீட்சையில் இறங்காமல் கடையில் கிடைத்த ஆப்பிள் மொஸ்தார்தாவை வாங்கி, பாகை வடித்துவிட்டுப் பொடியாக நறுக்கினேன். பாகும் ஈரம்தான். பாலாடைக்கட்டியைப் பொறுத்தவரை, மாந்தோவா மாகாணத்தில் போ ஆற்றுக்கு வடக்கே கிரானா பதானோவும் தெற்கே பர்மிஜானோ ரெஜ்ஜானோவும் செய்யப்படுகின்றன, இரண்டுமே இதற்கு ஏற்றவை. ஆனால் இரண்டிலும் கன்றின் இரைப்பை நொதி சேர்வதால், சைவத்தில் கண்டிப்பாக இருப்பவர்கள் தாவர நொதியில் செய்த வேறு கெட்டிப் பாலாடைக்கட்டியைத் தேட வேண்டும். கலந்த பூரணத்தைச் சில மணி நேரம் மூடி வைத்தால் அமரெத்தி ஊறி எல்லாம் இறுகுகிறது. ஒரு கரண்டி எடுத்துக் கவிழ்த்தால் அது விழக் கூடாது. விழுந்தால் இன்னும் கொஞ்சம் அமரெத்தி சேர்க்க வேண்டும்.

மாவுக்கு 100 கிராமுக்கு ஒரு முட்டை என்பதே இங்கு எல்லோரும் சொல்லும் கணக்கு. நான் மிக நைசாக அரைத்த 00 வகைக் கோதுமை மாவு 400 கிராமும் நான்கு முட்டைகளும் எடுத்துக்கொண்டேன். தண்ணீர், எண்ணெய், உப்பு எதுவும் இல்லை. முட்டைகள் சிறியதும் பெரியதுமாக இருக்கும் என்பதால் கணக்கை நம்பி மாவு முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டாமல், கைப்பிடி அளவு ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. மரப்பலகையில் மாவைக் குவித்து நடுவே குழி செய்து முட்டையை ஊற்றி, முள்கரண்டியால் உள்சுவரிலிருந்து சிறிது சிறிதாகக் கலந்து, பின் உள்ளங்கையின் அடிப்பகுதியால் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். பூரிக்குப் பிசைவதைவிடக் கெட்டியாக இருக்கும் இந்த மாவு, முதல் ஐந்து நிமிடங்களில் கைக்கு வராது. அப்போது தண்ணீர் தெளிக்கத் தோன்றும் எண்ணத்தை அடக்கிக்கொண்டால் போதும், அது தானே வழவழப்பாகிவிடும். அதன் பிறகு மூடி அரை மணி நேரம் வைப்பது ஓய்வுக்காக மட்டுமல்ல. மாவின் ஒவ்வொரு துகளும் முட்டையின் ஈரத்தைச் சமமாக எடுத்துக்கொள்வதும், இழுத்தால் சுருங்கிக்கொள்ளும் புரத இழைகள் தளர்வதும் அப்போதுதான் நடக்கின்றன.

விரிப்பதற்கு இப்பகுதிப் பெண்கள் ஏறத்தாழ ஒரு கை நீளமுள்ள மர உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதைச் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களை ஸ்ஃபோலீனா என்று அழைக்கிறார்கள். மரத்தில் தேய்த்த விரிப்பின் மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாக இருப்பதால் வெண்ணெய் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் பூரணப் பாஸ்தாவைப் புதிதாகச் செய்பவர்களுக்குக் கைப்பிடி சுற்றும் இயந்திரமே ஏற்றது என்பது என் எண்ணம். ஏனெனில் இங்கே நேரமே எதிரி: உருளையோடு மல்லுக்கட்டும் கால் மணி நேரத்தில் விரிப்பின் ஓரம் உலர்ந்துவிடுகிறது. தல்யதெல்லே போன்ற பட்டைப் பாஸ்தாவுக்கு விரிப்பைச் சற்று உலரவிட்டுத்தான் வெட்டுவார்கள். பூரணம் வைப்பதற்கு அதற்கு நேர்மாறு. எனவே மாவை நான்காகப் பிரித்து, மூன்றைக் கவிழ்த்த பாத்திரத்தின் கீழ் வைத்து, ஒன்றை மட்டும் விரித்து, பூரணம் வைத்து மூடி முடித்த பிறகே அடுத்ததை எடுத்தேன். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன், அதாவது அடியில் வைத்த விரல்களின் நிழல் தெரியும் அளவு, இதற்குப் போதும். அதையும்விட மெல்லியதாக்கினால் இனிப்புப் பூரணத்தின் கனத்தைத் தாங்காது.

விரிப்பின் ஒரு பாதியில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, தேக்கரண்டி அளவு பூரணங்களை வரிசையாக வைத்து, மறுபாதியை மேலே மடக்கி, ஒவ்வொன்றையும் சுற்றி விரல் நுனியால் அழுத்தி, பல் வைத்த சக்கரத்தால் வெட்டினேன். அழுத்தும்போது பூரணத்தை ஒட்டிய இடத்தில் தொடங்கி வெளிநோக்கிப் போக வேண்டும். உள்ளே சிக்கிய காற்று கொதிநீரில் விரிந்து, எவ்வளவு நன்றாக ஒட்டிய ஓரத்தையும் திறந்துவிடும். புதிதாக விரித்த மாவுக்குத் தண்ணீர் தொட்டு ஒட்ட வேண்டியதே இல்லை. ஓரம் உலர்ந்திருந்தால் மட்டும், ஈர விரலால் ஒருமுறை தடவினால் போதும். கூடினால் மாவு வழுக்கி ஒட்டாமல் போகும். இந்தக் கட்டத்தில் இரண்டாவது ஆள் உடனிருப்பது பெரிய உதவி. ஒருவர் விரிக்க, இன்னொருவர் பூரணம் வைத்து மூடினால் எதுவும் காத்திருப்பதில்லை.

செய்தவற்றை மெல்லிய ரவை தூவிய தட்டில், ஒன்றோடொன்று படாமல் அடுக்க வேண்டும். சாதாரண மாவைத் தூவினால் அது ஈரத்தை வாங்கிப் பசையாகிவிடும். ரவை அவ்வளவு விரைவில் அப்படி ஆவதில்லை. என்னதான் செய்தாலும் சில மணி நேரத்தில் அடிப்பக்கம் நனையத் தொடங்குவதால், அன்றே சமைக்காதவற்றை உடனே தட்டோடு உறையவைத்து, கெட்டியான பின் பையில் போட்டு வைத்தேன். உறைந்தவற்றை இளகவிடாமல் அப்படியே கொதிநீரில் இட வேண்டும். இளகினால் பூரணம் நீர் விட்டு, முதல் நாள் இரவில் துணியில் வடித்த வேலையெல்லாம் வீணாகும்.

சமைப்பதற்கு அகலமான பாத்திரம், லிட்டருக்கு 10 கிராம் உப்பு, மெதுவாகக் குமிழும் கொதி. தளதளவென்று கொதிக்கும் நீரில் தொர்த்தெல்லி ஒன்றோடொன்று மோதிக் கிழியும். மேலே மிதந்து வருவதை வெந்ததற்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது, ஏனெனில் இரட்டை மடிப்பான ஓரம் நடுப்பகுதியைவிடத் தாமதமாக வேகும். மூன்று நிமிடத்துக்குப் பின் ஒன்றை எடுத்து ஓரத்தைக் கடித்துப் பார்ப்பதே சரியான சோதனை. வடிதட்டில் மொத்தமாகக் கொட்டாமல் துளைக்கரண்டியால் சில சிலவாக எடுத்து, சூடான பாத்திரத்தில் ஓர் அடுக்கு தொர்த்தெல்லி, சேஜ் இலையோடு உருக்கிய வெண்ணெய், துருவிய பாலாடைக்கட்டி, மீண்டும் ஓர் அடுக்கு என்று அடுக்கி, மூடி, இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் பரிமாறினேன். இனிப்பும் உப்பும் கடுகின் காரமும் ஒரே வாயில் வருவது எல்லோருக்கும் உடனே பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுச் சிறியவர்கள் இது சாப்பாடா பலகாரமா என்று கேட்டுவிட்டு, இனிப்பு குறைந்த ஃபெர்ராரா முறையைத்தான் அடுத்து விரும்பினார்கள்.

சக்கரத்தால் வெட்டியபோது மிஞ்சிய ஓரத் துண்டுகளை மறுபடி பிசைந்து விரிப்பதில் பயனில்லை, ரவையும் உலர்ந்த மாவும் கலந்து அவை கடினமாகியிருக்கும். அவற்றைக் கோணல்மாணலாகக் கிள்ளி உலர்த்தி வைத்தால் மால்தல்யாத்தி ஆகிவிடும். மறுநாள் அவரை விதைச் சூப்பில் போட்டு வேகவைத்தோம்.