லா பாஸில் மூச்சுத் திணறி, சாந்தா குரூஸில் வியர்த்து…

பொலிவியாவில், லா பாஸிலிருந்து பதினேழு மணி நேரம் பஸ்ஸில் கிடந்துவிட்டு இன்று காலைதான் சாந்தா குரூஸில் இறங்கினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். காலை நீட்டிப் படுக்கலாம், ஹீட்டர் உண்டு, கழிப்பறை உண்டு என்று சொல்லித்தான் 180 பொலிவியானோ (இந்த நாட்டுப் பணம்) வாங்கினார்கள். ஹீட்டர் ஓடவே இல்லை. கழிப்பறைக்குப் பூட்டு. என் பக்கத்து ஜன்னல் முழுதாக மூடவில்லை, அதில் துண்டைச் சுருட்டி அடைத்தும் ராத்திரி முழுக்க மலைக்குளிர் உள்ளே வந்தது. விடிந்து, சமவெளிக்கு இறங்கியதும் உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. தயவுசெய்து அடிமட்ட விலைக்கு ஆசைப்படாதீர்கள்.

ஆனால் ஒன்று. பொலிவிய கால்பந்து லீக் எப்படிப்பட்டது என்று அந்த பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. லா பாஸ் மைதானம் சுமார் 3,600 மீட்டர் உயரம். சாந்தா குரூஸ் 400-தான். ஒரே சீசனில் எல்லா அணியும் மாறி மாறி ஏறி இறங்கி ஆட வேண்டும்.

லா பாஸில் நான் பார்த்தது தி ஸ்ட்ராங்கஸ்ட் – பொலிவார் ஆட்டம். இரண்டும் ஒரே ஊர், இரண்டுக்கும் எர்னாண்டோ சிலெஸ்தான் மைதானம். 1908-இல் தொடங்கிய ஸ்ட்ராங்கஸ்டுக்கு மஞ்சள் கறுப்பு, 1925-இல் வந்த பொலிவாருக்கு வெளிர்நீலம். ஸ்ட்ராங்கஸ்ட் ரசிகர்கள் உட்காரும் தெற்கு வளைவு கேலரியில் 50 பொலிவியானோவுக்கு இடம் கிடைத்தது. படி ஏறும்போதே நெஞ்சு படபடத்தது. பக்கத்தில் வட்டத்தொப்பியும் மடிப்புப் பாவாடையுமாக ஒரு பாட்டி, கழுத்தில் மஞ்சள் கறுப்புத் துண்டு. "மெதுவா ஏறு தம்பி, ஆட்டம் எங்கேயும் போகாது" என்று சொல்லிக் மூச்சு வாங்காமலிருக்க மெல்லும் கொக்கா இலையைக் கொஞ்சம் கையில் வைத்தார். "வாரிகசாயா, காலாத்தகாயா!" என்று அய்மாரா மொழியில் மொத்த வளைவும் கத்தியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பராகுவேயுடன் நடந்த சாக்கோ போரில், 1934-இல், ஸ்ட்ராங்கஸ்ட் கிளப் ஆட்கள் சண்டையிட்ட இடத்துக்கே கன்யாதா ஸ்ட்ராங்கஸ்ட் என்று பெயர் வந்தது. 1969-இல் வில்லோக்கோ விமான விபத்தில் கிட்டத்தட்ட மொத்த அணியும் போனது. அதையெல்லாம் தாண்டி வந்த கூட்டம் இது.

மூச்சு முட்டும் உயரத்தில் வெளியூர் அணியை ஆடவைப்பது ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. 2007-இல் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டம் கூடாது என்றது, மறு வருஷம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. 2009-இல் மரடோனா பயிற்சியாளராக, மெஸ்ஸியோடு வந்த அர்ஜென்டினா லா பாஸில் பொலிவியாவிடம் 6-1 என்று தோற்றது. சரி, அதற்காக? அங்கே மக்கள் வாழ்கிறார்கள், அவர்கள் வீட்டில் ஆடுகிறார்கள். சாந்தா குரூஸ் வெயிலுக்கு யாரும் தடை கேட்டதில்லையே.

அப்புறம் டாக்ஸி. லா பாஸுக்கு மேலே உள்ள எல் ஆல்ட்டோ விமான நிலையத்திலிருந்து 80 பொலிவியானோ என்று பேசி ஏறினேன். பாதி வழியில் வண்டியை நிறுத்தி, பைக்குத் தனி, ராத்திரிக்குத் தனி என்று 200 கேட்டார். 120 கொடுத்தும் முறைத்தார். ஒரு நாள் சாப்பாட்டுப் பணம் போச்சு. ராத்திரி வந்திறங்காவிட்டால் மினிபஸ் பிடித்து, மஞ்சள் லைன் கேபிள் காரில் லா பாஸின் சோபொகாச்சி பகுதிக்கு இறங்கிவிடுங்கள். 3 பொலிவியானோதான், ஊர் முழுக்கக் காலடியில் தெரியும்.

அந்த வயிற்றெரிச்சலை மறுநாள் ஆற்றியது சல்தேன்யா. நம் சோமாஸ் போல மடித்துச் சுட்டது, உள்ளே கறியும் உருளைக்கிழங்கும், இனிப்பும் காரமுமான குழம்பும். நுனியைக் கடித்து முதலில் குழம்பை உறிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் சட்டை போச்சு. காலையிலேயே போங்கள், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். நான் மூன்று சாப்பிட்டேன், இன்னும் இரண்டு கட்டி வாங்கினேன்.

இன்று மாலை இங்கே சாந்தா குரூஸ் அணியான ப்ளூமிங்கின் ஆட்டம். எதிரணி லா பாஸிலிருந்து வருகிறது. வெளியே இப்போதே 34 டிகிரி. டிக்கெட் 40, கையில் மிச்சம் 310. திரும்பிப் போக விமானமா, அதே பஸ்ஸா என்று இன்னும் முடிவாகவில்லை.